எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும்

(செவிலியர் கல்லூரி ஒன்றின் ஆண்டு விழாவில் பேசியது. பேச்சின் போக்கை மாற்றாமல் எழுத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம்.

மேடையில் இருக்கும் பெரியவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விளிக்க ஆரம்பித்தால் எனக்குக் கொடுத்திருக்கும் அரைமணி அதிலேயே போய்விடும். கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்ற தைரியத்தில் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

ஊசி போடும்போது நோயாளியிடம் "எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்" என்று சொன்னவர்கள் எத்தனை பேர்? கை தூக்குங்கள்.

ஆகா. கடைசி வருடம் மொத்தமாகத் தூக்குகிறது. முதல் வருடப் பிள்ளைகள் இன்னும் ஊசியைத் தொடவில்லை, அதனால் தப்பித்தார்கள். நானும் தூக்குகிறேன். 31 வருடம் சொல்லியிருக்கிறேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் சீனியர் அக்கா. அவருக்கு அவருடைய அக்கா. இந்த எறும்பு எப்போது வார்டுக்குள் வந்தது என்று யாருக்கும் தெரியாது. அது நல்லது செய்கிறதா கெட்டது செய்கிறதா என்றும் நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அமெரிக்காவில் எறும்புக்குப் பதில் தேனீ. பாஸ்டனில் பிரிகாம் அண்ட் விமன்ஸ் என்ற மருத்துவமனையில் சில மயக்க மருத்துவர்களுக்கு அந்தத் தேனீ மேல் சந்தேகம் வந்தது. பிரசவத்துக்கு முதுகில் ஊசி போடுவதற்கு முன்னால் தோலை மரத்துப்போகச் செய்ய ஒரு சின்ன ஊசி போடுவார்கள் இல்லையா, அதை எடுத்துக்கொண்டார்கள். நிறைமாதக் கர்ப்பிணிகள் 140 பேர். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு, "பெரிய தேனீ கொட்டுகிற மாதிரி இருக்கும், இதுதான் இருப்பதிலேயே மோசமான கட்டம்" என்று சொல்லிப் போட்டார்கள். இன்னொரு பிரிவுக்கு, "இந்த இடம் மரத்துப்போக மருந்து போடுகிறோம், அப்புறம் உங்களுக்குச் சௌகரியமாக இருக்கும்" என்று சொல்லிப் போட்டார்கள். மருந்தில் வித்தியாசம் இல்லை, மாறியது வாய் வார்த்தை மட்டும். உடனே, பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டார்கள். தேனீக்காரர்களின் நடுமதிப்பு 5. மற்றவர்களுடையது 3. 2010-ல் வெளியான ஆய்வு இது.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு ஷிஃப்டில் எத்தனை ஊசி, 31 வருடத்தில் எத்தனை எறும்பு என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

உடனே ஒரு கெட்டிக்காரப் பெண் கேட்பாள்: "அப்போ வலிக்கும்னே சொல்லக் கூடாதா மேடம்? வலிக்கவே வலிக்காதுன்னு சொல்லிடலாமா?" கூடாது. அது பொய். ஒருதடவை பொய் சொன்னால் அடுத்த ஊசிக்கு அந்தக் குழந்தை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். இதற்குப் பதில் தேடினால் இன்னும் பின்னால் போக வேண்டும், 1964-க்கு.

அதுவும் பாஸ்டன்தான். மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனை. லாரன்ஸ் எக்பர்ட் என்ற மயக்க மருத்துவரும் கூட்டாளிகளும் வயிற்றில் அறுவை சிகிச்சைக்கு வந்த 97 பேரை எடுத்துக்கொண்டார்கள். முதல் நாள் சாயங்காலம் மயக்க மருத்துவர் வந்து பார்த்துவிட்டுப் போவது எல்லோருக்கும் உண்டு. பாதிப் பேரிடம் மட்டும் கூடக் கொஞ்சம் உட்கார்ந்து பேசினார்கள். என்ன பேசினார்கள்? நாளைக்கு ஆபரேஷன் முடிந்ததும் வலி இருக்கும், இந்த இடத்தில் இருக்கும், இவ்வளவு நாள் இருக்கும், அது சகஜம். வயிற்றுத் தசை இறுகிக்கொள்வதால்தான் வலி கூடுகிறது; அதைத் தளர்த்த இப்படி மூச்சு விடுங்கள். புரண்டு படுக்கும்போது வயிற்றை முக்காதீர்கள், கையையும் காலையும் ஊன்றித் திரும்புங்கள். அதற்கும் மேல் முடியாவிட்டால் மருந்து கேளுங்கள், கொடுப்பார்கள். அவ்வளவுதான். ஆபரேஷனுக்குப் பிறகும் வந்து அதையே ஞாபகப்படுத்தினார்கள்.

அப்படிப் பேசப்பட்டவர்களுக்குத் தேவைப்பட்ட மார்ஃபின் போன்ற வலி மருந்து பாதியாகக் குறைந்தது. எனக்கு இதைவிடப் பிடித்தது அடுத்த தகவல். யாரிடம் பேசப்பட்டது, யாரிடம் பேசப்படவில்லை என்று அறுவை மருத்துவர்களுக்குத் தெரியாது. தெரியாமலேயே, பேசப்பட்டவர்களைச் சராசரியாக 2.7 நாள் முன்னதாக வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேனீ சொன்னவரும் வலியைப் பற்றித்தான் பேசினார். எக்பர்ட்டும் வலியைப் பற்றித்தான் பேசினார். முதலாமவர் பயத்தைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார். இவர் வலியோடு சேர்த்து அதை என்ன செய்வது என்றும் சொல்லிக்கொடுத்தார். என் புத்திக்கு எட்டிய வித்தியாசம் இதுதான். ஆய்வுக் கட்டுரைகள் இப்படிச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

சரி, ஸ்டூலுக்கு வருவோம்.

நம் வார்டில் ஸ்டூல் எங்கே இருக்கும்? கட்டிலுக்கு அடியில் தள்ளியிருக்கும். அல்லது கூட இருக்கும் பாட்டி அதன்மேல் இட்லி டப்பாவை வைத்திருப்பார். காலை ரவுண்ட்ஸ் வரும்போது பாட்டி எழுந்து நின்றுவிடுவார், டாக்டரும் நிற்பார், நாமும் நிற்போம், படுத்திருப்பவர் மட்டும் அண்ணாந்து பார்ப்பார். கன்சாஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒரு முதுகுத்தண்டு அறுவை மருத்துவர், ஆபரேஷன் முடிந்த 120 பேரில் சிலரை நின்றுகொண்டும் சிலரை உட்கார்ந்துகொண்டும் பார்த்தார். வெளியில் ஒருவர் கடிகாரம் பிடித்தார். நின்றபோது சராசரியாக 1 நிமிடம் 28 விநாடி. உட்கார்ந்தபோது 1 நிமிடம் 4 விநாடி, அதாவது இன்னும் குறைவு. ஆனால் எவ்வளவு நேரம் இருந்தார் என்று நோயாளிகளைக் கேட்டால், நின்றவர் 3 நிமிடம் 44 விநாடி இருந்தாராம், உட்கார்ந்தவர் 5 நிமிடம் 14 விநாடி!

ஒரே ஒரு டாக்டரை வைத்துச் செய்த சின்ன ஆய்வு, 2012-ல் வந்தது. அதை மட்டும் வைத்துக்கொண்டு நான் கூத்தாட மாட்டேன். ஆனால் 2023-ல் டெக்சஸிலிருந்து ஒன்று வந்தது, அதில் குறும்பு அதிகம். சில அறைகளில் நாற்காலியைக் கட்டிலுக்கு மூன்றடிக்குள், நோயாளியைப் பார்த்தபடி போட்டு வைத்தார்கள். மற்ற அறைகளில் நாற்காலி வழக்கமான இடத்தில். டாக்டர்களிடம் நாற்காலி விஷயத்தைச் சொல்லவில்லை. நாற்காலி பக்கத்தில் இருந்த 60 தடவையில் 38 தடவை டாக்டர் உட்கார்ந்தார். இல்லாத 65 தடவையில் 5 தடவை மட்டும். உட்காரச் சொல்லி சுற்றறிக்கை போட வேண்டியதில்லை பாருங்கள். வார்டு ஆயாம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டால் போதும். கூடுதல் நேரமும் ஆகவில்லை, நோயாளிகளின் திருப்தி கொஞ்சம் ஏறியது.

உட்கார்ந்தாயிற்று. அப்புறம் என்ன கேட்பது? "வேற ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுக்கொண்டே பேனாவை மூடுவோம். அவர் "இல்லைங்க" என்பார். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "நெஞ்சுல ஒரு மாதிரி இருக்குதுங்க" என்பார். இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஜான் ஹெரிடேஜ் என்ற சமூகவியல் பேராசிரியரின் குழு, 20 குடும்ப மருத்துவர்கள், 224 நோயாளிகள், 2007. என்னென்ன பிரச்சினைக்காக வந்தீர்கள் என்று முதலிலேயே நோயாளிகளிடம் எழுதி வாங்கிவிட்டார்கள். ஆங்கிலத்தில் ஒரே கேள்வியை ஒரு சொல்லை மாற்றிக் கேட்கலாம். ஒரு விதத்தில் கேட்டால் 'இருக்கும், சொல்லுங்கள்' என்ற தொனி, மறுவிதத்தில் 'இருக்காதே' என்ற தொனி. முதல் விதத்தில் கேட்டபோது, சொல்லாமல் விடுபட்ட பிரச்சினைகள் 78 சதவீதம் குறைந்தன. இரண்டாம் விதம் கேட்டதும் ஒன்று, கேட்காததும் ஒன்று. பார்க்கும் நேரமும் கூடவில்லை. தமிழில் அந்த ஒற்றைச் சொல் நமக்கு இல்லைதான். ஆனால் "வேற ஒண்ணும் இல்லையே?"-வும் "வேற என்ன செய்யுது, சொல்லுங்க"-வும் ஒன்றா? உங்கள் மாமியாரிடம் "சாப்பாடு வேண்டாம்ல?" என்று கேட்டுப் பாருங்கள், தெரியும்.

நல்ல மனசோடு செய்தால் எல்லாம் நல்லதாகத்தான் முடியும் என்று நினைக்காதீர்கள். மூச்சுத் திணறும் நோயாளியைப் பார்த்தால் கை தானாக ஆக்சிஜன் குழாய்க்குப் போகிறது. ஆக்சிஜன் அளவு குறைந்தவருக்கு அது கட்டாயம் வேண்டும், அதில் விவாதமே இல்லை. ஆனால் தீராத நோயில், அளவு சரியாகவே இருந்தும் மூச்சு முட்டுகிறது என்று தவிப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட 239 பேரை வைத்து ஓர் ஆய்வு 2010-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. எல்லோர் மூக்கிலும் ஒரே மாதிரிக் குழாய். பாதிப் பேருக்கு ஆக்சிஜன், பாதிப் பேருக்கு வெறும் அறைக்காற்று. இரண்டு பிரிவுக்கும் கொஞ்சம் தேவலை என்றானது. ஆக்சிஜனுக்கென்று தனிப் பலன் எதுவும் இல்லை.

அதே 2010-ல் இங்கிலாந்திலிருந்து இன்னொன்று. மூச்சுத் திணறல் தீராத 50 பேரிடம் கையடக்க மின்விசிறி ஒன்றைக் கொடுத்தார்கள். ஐந்து நிமிடம் முகத்துக்கு, ஐந்து நிமிடம் காலுக்கு, முன்பின்னாக. காலுக்கு வீசியபோது பெரிதாக ஒன்றுமில்லை. முகத்துக்கு வீசியபோது மூச்சு முட்டும் உணர்வு குறைந்தது. மூக்கைச் சுற்றியும் கன்னத்திலும் குளிர்ச்சியை உணரும் நரம்பு இருக்கிறது. அது மூளைக்குச் சொல்லும் சேதிதான் காரணமாக இருக்க வேண்டும் என்கிறார்கள். ஆஸ்துமா வந்த தாத்தா "அந்த விசிறிய எடு" என்றது வெயிலுக்காக என்று நினைத்திருந்தேன் நான்.

குமட்டலுக்கு ஒன்று, ஓடுகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். ஊசிக்கு முன்னால் தோலைத் துடைக்கும் ஸ்பிரிட் பஞ்சு. சான் அன்டோனியோ நகரின் அவசரப் பிரிவு ஒன்றில் 80 பேருக்கு முகரக் கொடுத்தார்கள், சிலருக்கு ஸ்பிரிட், சிலருக்கு உப்புத் தண்ணீர் நனைத்தது. பத்து நிமிடம் கழித்துப் பத்துக்கு எவ்வளவு குமட்டல் என்றால், ஸ்பிரிட் முகர்ந்தவர்களுக்கு 3, மற்றவர்களுக்கு 6. மலைப்பாதை பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு வரும் அத்தைகள் இதைக் கேட்டால் எங்களுக்குத் தெரியாததா என்பார்கள். எலுமிச்சம்பழத்தை யாராவது இப்படிச் சோதித்தால் நானே முதலில் பஸ் ஏறுகிறேன்.

கடைசியாக, ஷரன் இனோயே என்ற மருத்துவரின் வேலை. வயதானவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்து இரண்டாம் நாள், மூன்றாம் நாள் ராத்திரியில் திடீரென்று உளற ஆரம்பிப்பார்கள். குழாயைப் பிடுங்குவார்கள், மகளைப் பார்த்து யார் நீ என்பார்கள். டெலிரியம் என்று படித்திருப்பீர்கள். அமெரிக்காவின் நியூ ஹேவன் நகர மருத்துவமனையில் 70 வயது தாண்டிய 852 பேரிடம் இதைத் தடுக்க முடியுமா என்று பார்த்தார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? கண்ணாடி போடுபவர் கண்ணாடியைப் போட்டிருக்கிறாரா என்று பார்த்தார்கள். காதில் அழுக்கு அடைத்திருந்தால் எடுத்தார்கள். இன்று என்னென்ன நடக்கும், யார் உங்களைக் கவனிப்பவர்கள் என்று பலகையில் எழுதினார்கள். நடக்க வைத்தார்கள், தண்ணீர் குடிக்க வைத்தார்கள், ராத்திரி தூக்க மாத்திரைக்குப் பதிலாகச் சூடாகப் பால் கொடுத்து முதுகைத் தேய்த்துவிட்டார்கள். வழக்கமான கவனிப்பில் 15.0 சதவீதம் பேருக்கு வந்த டெலிரியம், இங்கே 9.9 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. ஒன்றையும் கவனியுங்கள்: வந்தபிறகு அதன் கடுமையில் பெரிய மாற்றம் இல்லை. வராமல் தடுத்ததில்தான் பலன்.

1999-ல் வெளியான இந்த ஆய்வை நான் தேர்வுக்கே படித்திருக்கிறேன். படித்து என்ன? என் அப்பாவை ஓர் ஐசியுவில் சேர்த்தோம். எந்த மருத்துவமனை என்று சொல்லப் போவதில்லை, எங்கும் இதுதான் வழக்கம். சேர்த்த உடனே ஒரு பிளாஸ்டிக் கவரில் மோதிரம், வாட்ச், பல்செட், கண்ணாடி எல்லாவற்றையும் போட்டு என் கையில் கொடுத்தார்கள். நானும் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியில் வந்து உட்கார்ந்தேன். இதே கவரை எத்தனையோ குடும்பங்களிடம் நானே கொடுத்திருக்கிறேன், எனக்கு அதில் தப்பாக ஒன்றும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி கூப்பிட்டார்கள். அப்பா கத்திக்கொண்டிருந்தார். கட்டில் பக்கத்தில் ஒல்லியாக ஒருத்தன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறானாம், போகச் சொல்லச் சொல்லப் போக மாட்டேன் என்கிறானாம். கையைக் கட்டிப் போடலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போதுதான் பையில் இருந்த கவர் ஞாபகம் வந்தது. கண்ணாடியை எடுத்து முந்தானையில் துடைத்து அவருக்கு மாட்டிவிட்டேன்.

குழப்பம் பறந்து போய்விடவில்லை. தெளிய இன்னும் நான்கு நாள் ஆனது. ஆனால் கத்துவது நின்றது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"ட்ரிப் ஸ்டாண்டா இது?"

"ஆமாப்பா."

"அதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே? ரெண்டு நாளா அவன்கிட்ட மரியாதையாப் பேசிட்டிருக்கேன்."