ஔவை பார்த்த ஆயுதக் கொட்டில்

(தருமபுரியில் கல்லூரி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். தருமபுரிக்காரனுக்கு மைக் கொடுத்தால் நெல்லிக்கனியில்தான் ஆரம்பிப்பான் என்று முன்வரிசையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. இன்றைக்கு நெல்லிக்கனி வேண்டாம். ஆயுதக் கொட்டிலுக்குப் போவோம்.

நம் தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி, தொண்டைமானிடம் ஔவையைத் தூது அனுப்புகிறான். தொண்டைமான் பேச்சைத் தொடங்கவில்லை; தன் படைக்கலக் கொட்டிலைச் சுற்றிக் காட்டுகிறான். பார்த்ததை உன் மன்னனிடம் போய்ச் சொல் என்று அர்த்தம். ஔவை நிதானமாகப் பார்த்துவிட்டுப் பேசுகிறார். உங்கள் வேல்களுக்கு மயிற்பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசி, காவல் உள்ள மாளிகையில் அழகாக வைத்திருக்கிறீர்கள். எங்கள் தலைவனுடைய வேல்கள் பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து, எப்போது பார்த்தாலும் கொல்லன் பட்டறையில்தான் கிடக்கின்றன. புறநானூற்றில் 95ஆம் பாட்டு இது. கேட்டவன் கோபித்துக்கொள்ள இதில் ஒரு சொல் உண்டா? ஆனால் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. போகிற போக்கில், இருந்தால் கொடுப்பான், இல்லாவிட்டால் கூட இருப்பவர்களோடு பகிர்ந்து உண்பான் என்று தன் தலைவனின் குணத்தையும் சொல்லிவிடுகிறார். இதனால் போர் நின்றது என்று மேடையில் பேசுவோம். பாட்டில் அப்படி ஒரு வரி கிடையாது. தூது போனவர் என்ன பேசினார் என்பது மட்டும்தான் இருக்கிறது. எனக்கு அதுவே போதும்.

சரி, இன்றைக்கு இந்தத் தூது வேலைக்கு எப்படிப் போவது? கலெக்டர் ஆவதற்கு எழுதுகிற அதே யு.பி.எஸ்.சி. தேர்வுதான். தேறியவர்களுக்கு முசோரியில் பயிற்சி, அப்புறம் டெல்லியில் சுஷ்மா சுவராஜ் வெளியுறவுப் பணி நிறுவனத்தில் பயிற்சி. பிறகு ஒரு வெளிநாட்டு மொழியைக் கட்டாயம் படித்துத் தேற வேண்டும். தூதரகத்தில் மூன்றாம் செயலாளராகத் தொடங்கி, படிப்படியாக ஏறித் தூதர் ஆகலாம். காமன்வெல்த் நாடுகளில் தூதரையே ஹை கமிஷனர் என்பார்கள். நான் அந்த ஏணியில் ஏறியவன் இல்லை. ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் தேர்வு எழுதி வெளியுறவு அமைச்சகத்துக்குள் நுழைந்தவன். அந்த வழியும் உண்டு, குறித்துக்கொள்ளுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டும். சி. பி. முத்தம்மா. குடகில் பிறந்து சென்னையில் படித்தவர். 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். அந்தக் காலத்து விதி என்ன தெரியுமா? பெண் அதிகாரி கல்யாணம் செய்துகொள்ள அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு நினைத்தால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். ஆணுக்கு அப்படி ஒன்றும் இல்லை. பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது முத்தம்மா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1979இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், இந்த விதிகளில் இருக்கும் பாகுபாட்டை வெளுத்து வாங்கினார். சொந்த அரசிடமே வழக்காடியவர் நாட்டுக்காக எவ்வளவு வழக்காடியிருப்பார்!

கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகள் இருக்கிறீர்களா? உங்களுக்கு மாம்பழக் கணக்கு. 2014 மே மாதம், பழ ஈ இருக்கிறது என்று சொல்லி ஐரோப்பிய ஒன்றியம் நம் மாம்பழத்துக்குத் தடை போட்டது. 2015 ஜனவரியில்தான் தடை விலகியது. அந்த எட்டு மாதமும் கடிதம், ஆய்வு, பேச்சு, மறுபடியும் கடிதம். அதற்கு முன்னால் 2007இல் அமெரிக்கா நம் மாம்பழத்துக்குக் கதவைத் திறந்தபோது, ஹார்லி டேவிட்சன் வண்டிகளுக்கு நாமும் கதவைத் திறந்தோம். பழத்துக்கு மோட்டார் சைக்கிள்! சந்தை வியாபாரம்தான், என்ன, கோட்டு போட்டுக்கொண்டு செய்கிறார்கள்.

நான் பார்த்த வேலையில் கோட்டு எப்போதாவதுதான். வளைகுடா நாடொன்றில், தூதரகத்தில் இறப்புப் பதிவு மேசை என்னுடையது. கட்டட வேலைக்கு வந்த பென்னாகரம் பக்கத்து ஆள் ஒருவர் தூக்கத்திலேயே போய்விட்டார். உடலை ஊருக்கு அனுப்ப இறப்புச் சான்று வேண்டும், போலீஸ் அனுமதி வேண்டும், உடல் கெடாமல் பதப்படுத்தியதற்கான எம்பாமிங் சான்று வேண்டும், பாஸ்போர்ட்டை ரத்து செய்ய வேண்டும், வீட்டாரின் ஒப்புதல் கடிதம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் எங்கள் தடையில்லாச் சான்று. அவருக்கு வேலை கொடுத்த கம்பெனி செலவைத் தட்டிக்கழித்தது. இதற்கென்று 2009இல் தொடங்கிய சமூக நல நிதி இருக்கிறது. அதில் எழுதி வாங்கினோம்.

ஆனால் முதலில் வீட்டுக்குப் போன் செய்ய வேண்டுமே. மனைவிதான் எடுத்தார். நான் ஔவையின் வாரிசு இல்லையா, சுற்றி வளைத்தேன். “அவருக்கு உடம்பு கொஞ்சம் முடியலைம்மா” என்றேன். “எந்த ஆஸ்பத்திரிங்கண்ணா? அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசலாமா?” என்று கேட்டார். ஒரு தடவை சொல்ல வேண்டியதை அந்த அம்மாவுக்கு இரண்டு தடவையாகச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அதற்குப் பிறகு இருந்த வருஷமெல்லாம் முதல் வாக்கியத்தில் என் பெயர், இரண்டாவதில் செய்தி. அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, “நீங்க எந்த ஊருங்க?” என்றார்.

“பாலக்கோடும்மா.”

“அப்போ நீங்களே கூட வந்து விட்டுடுங்கண்ணா.”

போக முடியவில்லை. அதற்கெல்லாம் லீவு கிடையாது. பெங்களூரு விமானத்தில் சரக்கோடு சரக்காகத்தான் பெட்டி போனது. மேலே ஒட்டுகிற தாளில் எல்லாம் ஆங்கிலம். ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அவர் பெயரையும் ஊர்ப் பெயரையும் தமிழில் எழுதி அனுப்பினேன்.