10,000 ரூபாய்க்கு போட்டோ எடிட்டிங் மானிட்டர்: பெட்டி மேல இருக்கிற "72"-ஐ முதல்ல பாருங்க!

(திரையில்: முட்டம் கடற்கரை அஸ்தமனம். ஒரே படம், ரெண்டு மானிட்டர்ல பக்கத்துல பக்கத்துல.)

வணக்கம் மக்களே! முட்டம் பாறை மேல நின்னு எடுத்த ஒரே படம்தான் இது. இடது பக்கம் வானம் ஆரஞ்சுல இருந்து மஞ்சளுக்கு மெதுவா இறங்குது. வலது பக்கம் அதே வானம் பட்டை பட்டையா வெட்டுப்பட்டு, சிவப்பெல்லாம் செத்துப்போய்க் கெடக்கு. ரெண்டும் 24 இஞ்ச், ரெண்டும் ஃபுல் எச்டி. கடையில நின்னு பாத்தா ரெண்டு பெட்டிக்கும் வித்தியாசமே தெரியாது. வித்தியாசம் பெட்டியில சின்ன எழுத்துல அச்சடிச்சிருக்கிற ஒரு எண்ணுல இருக்கு.

பேனல், அதாவது மானிட்டருக்குள்ள படம் காட்டுற தகடு, அந்தக் கதையை வேகமா முடிச்சிடுவோம். டிஎன், விஏ, ஐபிஎஸ்னு மூணு வகை. டிஎன்ல தலையைக் கொஞ்சம் அசைச்சாலே நிறம் மாறும். விஏல கருப்பு ஆழமா இருக்கும், ஆனா நேரா பாத்தா இருட்டுப் பகுதி அமுங்கும், பக்கவாட்டுல பாத்தா வெளிறும். ஐபிஎஸ், 1996-ல ஹிட்டாச்சி கொண்டுவந்தது, எந்தப் பக்கம் இருந்து பாத்தாலும் நிறம் பெரும்பாலும் நிலையா நிக்கும். போட்டோ எடிட்டிங்னா ஐபிஎஸ்தான். செரி, அடுத்தது.

(திரையில்: மானிட்டர் பெட்டியோட பின்பக்கம். "72% என்டிஎஸ்சி" என்ற இடத்துல வட்டம்.)

இப்போ அந்த எண். திரையால எவ்வளவு நிறம் காட்ட முடியும்னு, அதாவது அதோட நிறப்பரப்பை, சொல்ற எண் இது. ஒரு பெட்டியில "எஸ்ஆர்ஜிபி 99%"னு போட்டிருக்கும். இன்னொண்ணுல "என்டிஎஸ்சி 72%"னு போட்டிருக்கும். யாரா இருந்தாலும் 99-ஐத்தான் தூக்குவோம். ஆனா கேட்டுக்கிடுங்க, இந்த ரெண்டும் ஏறக்குறைய ஒரே அளவு!

என்டிஎஸ்சிங்கிறது 1953-ல அமெரிக்காவுல கலர் டிவிக்குன்னு அங்கீகரிச்ச தரம். அதுல வரையறுத்த நிறப்பரப்பு ரொம்பப் பெரிசு. ஆனா அந்த நிறத்தையெல்லாம் காட்டணும்னா திரை மங்கலா இருக்கும். அதனால டிவி கம்பெனிக்காரங்களே கொஞ்ச காலத்துல பிரகாசமான பாஸ்பருக்கு (திரைக்கு உள்ள பூசுற ஒளிரும் பொருள்) மாறி, சின்ன நிறப்பரப்போட திருப்திப்பட்டுட்டாங்க. எழுபது வருஷமா யாருமே ஒழுங்கா பின்பற்றாத ஒரு அளவுகோல், இன்னைக்கு நாகர்கோவில் கடையில அடுக்கி வெச்சிருக்கிற பெட்டி மேல அச்சாகி வருது பாருங்க. எனக்கு இது இன்னும் ஆச்சரியம்தான்.

எஸ்ஆர்ஜிபி 1996-ல எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து உண்டாக்கினது. 1999-ல சர்வதேசத் தரமாச்சு. இன்டர்நெட், போன், பெரும்பாலான ஆல்பம் பிரிண்ட் எல்லாமே இதை நம்பித்தான் ஓடுது. இதோட பரப்பு அந்தப் பழைய என்டிஎஸ்சியில கிட்டத்தட்ட 72%. அப்போ "என்டிஎஸ்சி 45%"னு போட்டிருந்தா என்ன? 45-ஐ 72-ஆல வகுத்துப் பாருங்க, 62 சொச்சம் வரும். எஸ்ஆர்ஜிபியில மூணுல ஒரு பங்குக்கு மேல அந்தத் திரையில இல்லவே இல்ல. விலை குறைஞ்ச லேப்டாப்ல இந்த 45 நிறைய வருது. நீங்க சிவப்பைக் கூட்டிக்கிட்டே போவீங்க, திரையில கூடாது. ஆனா ஃபைல்ல கூடிக்கிட்டே இருக்கும்! கல்யாணப் பொண்ணோட பட்டுச்சேலை பிரிண்ட்ல வந்து எரியும்போதுதான் தெரியும்.

இதுலயும் ஒரு நுணுக்கம் உண்டு. 72-ங்கிறது வெறும் பரப்பளவு. பத்து சென்ட் மனைன்னு வாங்கியாச்சு, ஆனா மனை குறுகலா நீளமா இருக்கு, உங்க வீட்டு பிளான் சதுரமா இருக்கு, அளவு சரியா இருந்தும் வீடு அதுல உக்காராது இல்லையா? அதேதான். 72% என்டிஎஸ்சி உள்ள ஒரு மானிட்டர் சிவப்புல வெளிய நீட்டிக்கிட்டு, பச்சையில குறைவாவும் இருக்கலாம். அதனால பெட்டியிலயோ கம்பெனி சைட்டுலயோ "எஸ்ஆர்ஜிபி 99%", "எஸ்ஆர்ஜிபி 100%"னு நேரடியா எழுதியிருக்கிறதையே எடுங்க. கூடவே டெல்டா ஈ, அதாவது இருக்க வேண்டிய நிறத்துக்கும் திரை காட்டுற நிறத்துக்கும் உள்ள வித்தியாசம், 2-க்குக் கீழன்னு போட்டு, கம்பெனியிலயே நிறத்தைச் சரிபண்ணின ஃபேக்டரி கேலிப்ரேஷன் ரிப்போர்ட்டும் இருந்தா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம். அசுஸ் புரோஆர்ட் பிஏ248கியூவி இந்த வகைதான். 1920-க்கு 1200 புள்ளி, அதாவது ஃபுல் எச்டியைவிட உயரம் கொஞ்சம் கூடுதல், எடிட் பண்ண இடம் கிடைக்கும். 10,000-க்குள்ள இது வராது, ஆனா காசு கொஞ்சம் கூட்ட முடிஞ்சா நான் இதைத்தான் சொல்லுவேன்.

(திரையில்: பென் டிரைவ், நாலு படங்கள்.)

கடைக்குப் போகும்போது ஒரு பென் டிரைவ்ல நாலு படம் கொண்டு போங்க. நாலும் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துலயே இருக்கு.

முதல் படம் அஸ்தமன வானம், மேகம் இல்லாதது. பட்டை விழுதான்னு பாருங்க. விலை குறைஞ்ச பேனல் பலதும் உண்மையில 6 பிட்தான், அதாவது 8 பிட்டைவிட நிறத்துல படிகள் குறைவு, நிறங்களை வேகமா மாத்தி மாத்திக் காட்டி 8 பிட் மாதிரி தெரிய வைக்கும். அந்தக் குறை வானத்துலதான் முதல்ல வெளிப்படும்.

ரெண்டாவது, மணவாளக்குறிச்சி கடற்கரை மண். இல்மனைட்டும் கார்னெட்டும் கலந்த கரும்செம்மை மண்ணு. இதைவிட நல்ல சோதனைப் படம் உலகத்துல எங்க போய்த் தேடினாலும் கிடைக்காதுன்னு நான் நினைக்கேன். நல்ல மானிட்டர்ல மண்ணு துகள் துகளா பிரிஞ்சு தெரியும். மோசமானதுல வெறும் கருப்புத் திட்டுதான்.

மூணாவது கசவு முண்டு (சரிகைக் கரை வேட்டி) கட்டின ஆளோட படம். 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியில இருந்த ஊரு, கசவு இல்லாத வீடு உண்டா? அந்தத் துணி சந்தன வெள்ளை. திரையில நீலம் பாய்ஞ்ச வெள்ளையா தெரிஞ்சா, கலர் டெம்பரேச்சரை (வெள்ளை நீலமா மஞ்சளான்னு தீர்மானிக்கிற செட்டிங்) 6500 கெல்வினுக்கு மாத்தச் சொல்லுங்க. அப்பவும் மாறலன்னா அந்த மானிட்டர் வேண்டாம். நாலாவது தோவாளை சந்தையில குவிச்சு வெச்ச கோழிக்கொண்டைப் பூ. மடிப்பு தெரியணும், ஒரே சிவப்புக் கட்டியா தெரியக்கூடாது.

சோதிக்கும்முன்ன கடைக்காரர்கிட்ட "அண்ணே, மோடை எஸ்ஆர்ஜிபிக்கு மாத்துங்க"ன்னு சொல்லுங்க. கேம் மோட், விவிட் மோடுல பாத்தா எதுவும் தெரியாது.

அளவு? 24 இஞ்சுக்கு ஃபுல் எச்டி போதும். 27 இஞ்ச்னா 2560-க்கு 1440 புள்ளி வேணும், ஃபுல் எச்டி எடுத்தா புள்ளி தெரியும். பெட்டியில உள்ள "எச்டிஆர்" (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோட காட்டுற வசதி) முத்திரைக்கு ஒரு ரூபா கூட கூடுதலா குடுக்காதீங்க. மானிட்டர் தரம் வகுக்கிற வெசா (VESA) அமைப்போட ஆரம்பநிலை எச்டிஆர் சான்றுக்கே 400 நிட்ஸ் (திரை வெளிச்சத்தோட அளவு) வேணும், நாம வாங்குறது பெரும்பாலும் 250, 300. 144 ஹெர்ட்ஸ், அதாவது திரை நொடிக்கு 144 தடவை படத்தைப் புதுப்பிக்கிறது, கேம் விளையாடுற பிள்ளைகளுக்கு.

(திரையில்: ஒரே படம், மானிட்டர்லயும் ஆல்பம் பக்கத்துலயும்.)

"லேப்ல குடுத்த படம் இருட்டா வந்திருக்கு"ன்னு நிறைய பேர் எழுதுறீங்க. லேப்பைத் திட்டும்முன்ன உங்க பிரைட்னஸைப் பாருங்க. மானிட்டர் பெட்டியில இருந்து வெளிய வரும்போது 250 நிட்ஸுக்குப் பக்கத்துல எரியும். பிரிண்டுக்கு எடிட் பண்ண 80-ல இருந்து 120 போதும். திரை வெளிச்சமா இருந்தா நீங்களே படத்தை இருட்டாக்கிடுவீங்க, காகிதத்துக்குப் பின்னால பல்பு இல்லையே! வெளிச்சம் அளக்கிற மீட்டர் இல்லாட்டி, ஒரு வெள்ளை பிரிண்ட் தாளை அறை வெளிச்சத்துல திரைக்குப் பக்கத்துல பிடிங்க, திரையில உள்ள வெள்ளை அந்தத் தாளோட ஒத்துப்போற வரைக்கும் பிரைட்னஸைக் குறைங்க. காசு செலவே இல்ல. ஜன்னலைத் திரைக்கு எதிரேயும் பின்னாலேயும் வெக்காதீங்க, பக்கவாட்டுல வரட்டும்.

எச்டிஎம்ஐல இணைச்சு கருப்பு சாம்பலா தெரிஞ்சா, கிராஃபிக்ஸ் செட்டிங்ல "லிமிட்டெட்"னு இருக்கிறதை "ஃபுல்"னு மாத்துங்க. இது தெரியாம மானிட்டரைத் திருப்பிக் குடுக்கிற வரைக்கும் போயிடாதீங்க.

ஆல்பம் தொழிலா பண்ணுறவங்க ஸ்பைடர், கேலிப்ரைட் மாதிரி திரையோட நிறத்தை அளந்து சரிபண்ணுற ஒரு மீட்டரை நாலஞ்சு பேரு சேர்ந்து வாங்கி மாத்தி மாத்தி வெச்சுக்கிடுங்க. டிஸ்ப்ளேகால்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதோட வேலை செய்யும்.

மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் பக்கம் பிரிண்ட் லேப் வெச்சிருக்கிற அண்ணன்மாரே, உங்க லேப்ல ஃபைலை எஸ்ஆர்ஜிபியில கேக்கிறீங்களா, வேற நிற புரொஃபைல்லயான்னு கமென்ட்ல எழுதுங்க. மானிட்டர் வாங்கப் போறவங்க பட்ஜெட்டையும், பெட்டியில போட்டிருக்கிற அந்த எண்ணையும் எழுதுங்க, ஒவ்வொண்ணுக்கும் நானே பதில் போடுறேன்.