பொறுத்தார் பூமி ஆள்வார்: உல்ரிக் சால்ட்னெஸ்
(எமது சங்கத்தின் ஆண்டு விளையாட்டு விழாவில் ஆற்றிய உரை)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, எல்லோருக்கும் முன்னே வந்து கதிரை அடுக்கிய செயலாளர் அவர்களே, மங்கல விளக்கேற்றிய மூத்தோரே, தமிழ் விளங்காவிட்டாலும் முன்வரிசையில் புன்னகையோடு அமர்ந்திருக்கும் நகரசபை விருந்தினரே, வடை சுட்டுத் தந்த மகளிர் அணியினரே, ஓரிடத்தில் இருக்கமாட்டோம் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

பொறுத்தார் பூமி ஆள்வார். நான் மேடையேறினால் இது வரும் என்று உங்களுக்குத் தெரியும். இன்று அது நோர்வேயின் போடோ கிளிம்ட் உதைபந்தாட்டக் கழகத்தின் நடுக்கள வீரர் உல்ரிக் சால்ட்னெஸுக்காக வருகிறது. அவருடைய விசுவாசம், ஆட்ட முறை, கழகத்தின் பணநிலை என்று மூன்றைப் பற்றிப் பேசுவேன்.

1992இல் பிறந்தவர். சொந்த ஊர் நூர்லான்ட் மாகாணத்தின் தெற்கிலுள்ள புரோன்னோய்சுண்ட். அதே மாகாணத்துப் போடோவுக்கு இளைஞனாக வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். 2016இல் கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது, இவர் போகவில்லை. 2020இல் 30 ஆட்டங்களில் 103 கோல் போட்டு, வட நோர்வேக்கு முதல் லீக் கிண்ணத்தைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பருவம் முடியுமுன்பே சக வீரர் ஹௌகே இத்தாலியின் மிலான் கழகத்துக்குப் போனார். பிறகு இன்னொரு வீரர் பட்ரிக் பெர்க் பிரான்சுக்குப் போய், சில மாதங்களில் திரும்பினார். இவர் அசையவில்லை.

இந்த மனிதர் ஒரு காலத்தில் ஆட்டத்தையே விட்டுவிட நினைத்தவர், தெரியுமா? காலில் காயம் ஒன்றுமில்லை. வயிற்றுவலி! ஆட்டம் என்றாலே பதற்றம், பதற்றம் வந்தால் வயிறு பிசையும். அந்த நேரம் பார்த்து, 2017இல், கழகம் ஓர் ஆளைக் கூப்பிட்டது. யாரை? மருத்துவரையா? பயிற்சியாளரையா? இல்லை ஐயா, போர் விமானியை! பியோர்ன் மான்ஸ்வெர்க், F-16 ஓட்டியவர், 2011இல் லிபியாவுக்குப் பறந்தவர். உதைபந்தாட்டத்தில் அவருக்கு அனுபவமே இல்லை. அவர் வந்து ‘கோல் போடு’ என்றா சொன்னார்? வென்றதா தோற்றதா என்பதை விடு, உன் வேலையை மட்டும் பார், பயத்தை மறைக்காமல் வாய்விட்டுச் சொல் என்பதுதான் அவருடைய வழி. குண்டு போடப் பறந்தவரே பயத்தைப் பேசலாம் என்றால், பந்து உதைப்பவருக்கு என்ன வெட்கம்? சால்ட்னெஸ் பேசினார். ஆட்டத்தை விடவில்லை.

அப்புறம் 2025 ஏப்ரல் 10, போடோவில் இத்தாலியின் லாசியோ கழகத்தோடு ஐரோப்பா லீக் போட்டியின் காலிறுதி. பின்னாலிருந்து ஓடிவந்த சால்ட்னெஸ் இரண்டு கோல்! ரோமில் நடந்த மறு ஆட்டத்தில் பெனால்டி வரை போய்க் கழகம் தப்பியது. ஐரோப்பிய அரையிறுதியில் கால் வைத்த முதல் நோர்வேக் கழகம் அதுதான். லண்டனில் டொட்டென்ஹாமிடம் 3-1 என்று தோற்றார்கள், அந்த ஒன்றும் இவருடையது. பொறுத்தார் பூமி ஆள்வார்!

தலைவர் மணிக்கூட்டைக் காட்டுகிறார். ஆட்ட முறையும் பணநிலையும் இன்னொரு நாளுக்கு. ஆனால் நான் வந்த விடயத்தைச் சொல்லாமல் இறங்கமாட்டேன்.

நாங்கள் வாழும் இந்த நோர்வே நாட்டின் சிறுவர் விளையாட்டு விதி என்ன? 11 வயதாகும் ஆண்டு வரை தரவரிசை கிடையாது, பரிசு கொடுத்தால் எல்லாப் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டும். நாங்கள் என்ன செய்கிறோம்? ஏழு வயதுப் பிள்ளைகளை முதலாம், இரண்டாம், மூன்றாம் இடம் என்று மேடையேற்றிப் படம் பிடிக்கிறோம். நாலாவதாக வந்த பிள்ளையை வீட்டுக்குப் போகும்வரை காருக்குள் விசாரிக்கிறோம். காலையில் வயிறு வலிக்கிறது என்றால் ‘நடிக்காதே’ என்கிறோம். அப்படி அதட்டினால் பொறுமை எங்கே வரும்? பூமியை எங்கே ஆள்வது?

அடுத்த ஆண்டிலிருந்து பத்து வயதுக்குட்பட்டோருக்கு இடக் கிண்ணம் வேண்டாம், ஓடிய எல்லோருக்கும் ஒரே பதக்கம் என்று பொதுச்சபைக்கு முன்மொழிகிறேன். தேநீர் மேசையில், வடைத் தட்டுக்குப் பக்கத்தில், தாள் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வடையை எடுங்கள். செயலாளர் அவர்களே, முதல் கையெழுத்து உங்களுடையதுதான், பேனா என்னிடம் இருக்கிறது.