குறுக்குத்துறைக் கல்லும் சிட்னி மைதானமும்

(இந்தியா – ஆஸ்திரேலியா டெஸ்ட் ஆட்டங்களில் மனதில் நின்றதைப் பகிர்ந்துகொள்ள நண்பர்கள் பாளையங்கோட்டையில் கூடிய மாலையில் பேசியது)

அண்ணாச்சிமார்களுக்கும், தம்பிமார்களுக்கும், வேலை முடிந்து நேரே இங்கு வந்திருக்கிற அக்கா தங்கச்சிமார்களுக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் ஆளுக்கொரு நிமிடத்தைச் சொன்னார்கள். ஒருவர் ஹர்பஜன் அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று விக்கெட் எடுத்த ஹாட்ரிக் என்றார். பின்வரிசை அண்ணாச்சி எழுந்து, "மனிந்தர் எல்.பி." என்று ரெண்டே வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அம்பது வயதைத் தாண்டியவர்கள் இந்த அறையில் எத்தனை பேர் என்று அந்த நேரம் எழுந்த பெருமூச்சிலேயே தெரிந்துவிட்டது.

அந்தப் பெருமூச்சில் நானும் உண்டு. 1986 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. நான் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் பைக்கட்டோடு ஓடி, வண்ணார்பேட்டையில் ஒரு டீக்கடை வாசலில் நின்றேன். கடைக்குள் இடமில்லை. ரோட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றவர்களே முப்பது பேர் இருக்கும். டீ ஆற்றுகிற சத்தம் ரேடியோவை அமுக்கிவிடக் கூடாது என்று கடைக்காரர் அடுப்பைவிட்டு வெளியே வந்துவிட்டார்.

சேப்பாக்கத்தில் அந்த அஞ்சு நாளும் அப்படி ஒரு வெக்கை. ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் 210 அடித்தார். மைதானத்திலேயே வாந்தி எடுத்துக்கொண்டு, காலில் சதை பிடித்துக்கொண்டு, எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்று அடித்த 210. முடியவில்லை, போகிறேன் என்றவரிடம், எதிர்முனையில் நின்ற கேப்டன் ஆலன் பார்டர், "அப்படியானால் குயின்ஸ்லாந்துக்காரன் ஒருத்தனைக் கூப்பிட்டுக்கொள்கிறேன்" என்ற பொருளில் சீண்டியதும், ஜோன்ஸ் ரோஷத்தில் நின்றதும் நீங்கள் அறிந்த கதை. ஆட்டமிழந்த பிறகு அவரை ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். எதிரணி ஆட்டக்காரர்தான். ஆனாலும் அந்த 210ஐ நம் ஊர்க்காரன் அடித்ததுபோலத்தான் அன்றைக்கும் பேசினோம். வெயிலில் நிற்பது என்றால் என்ன என்று இந்த நெல்லைச் சீமைக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆஸ்திரேலியா 574 ரன் போதும் என்று டிக்ளேர் செய்தது. இந்தியா 397, அதில் கபில்தேவ் 119. கடைசி நாள் இலக்கு 348. கவாஸ்கர் 90 எடுத்தார். கடைசி ஓவரை கிரெக் மாத்யூஸ் போட வந்தபோது நாலு ரன் வேண்டும், ஒரே விக்கெட் கையில். சாஸ்திரி இரண்டாவது பந்தில் ரெண்டு, மூன்றாவது பந்தில் ஒன்று எடுத்தார். ஸ்கோர் சமம். டீக்கடை வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் மூச்சு நின்றுவிட்டது. நாலாவது பந்தைக் கடைசி ஆட்டக்காரர் மனிந்தர் தடுத்தார். அஞ்சாவது பந்து காலில் பட்டது, அம்பயரின் விரல் உயர்ந்தது, எல்.பி. அவுட். 347. டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது டை. முதலாவது 1960இல் பிரிஸ்பேனில். பந்து மட்டையில் பட்டுத்தான் காலுக்குப் போனது என்று நம்மவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

ஜெயித்தோமா தோத்தோமா என்று ஒருத்தருக்கும் விளங்கவில்லை. "ஏல, என்னல ஆச்சு?" என்று வெளியே இருந்து ஒருவர் கேட்க, உள்ளே இருந்து, "ஒண்ணும் ஆகல மாமா, சமமாம்" என்று பதில் வந்தது.

அன்றைக்கு மனிந்தருக்காகத்தான் அழுதேன். இன்றைக்கு யோசித்தால் நெஞ்சில் நிற்பது சாஸ்திரி. 48 நாட் அவுட். அந்தப் பக்கம் ஒவ்வொருத்தராகப் போய்க்கொண்டிருக்க, இந்தப் பக்கம் அவர் நின்றார். ஜெயிக்கவில்லை, தோற்கவும் விடவில்லை. இன்று நான் பேச வந்தது அந்த நிற்பதைப் பற்றித்தான்.

இதெல்லாம் நமக்குக் காதால் வந்த கிரிக்கெட். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் அவர்களை இந்த இடத்தில் நினைக்காமல் போகக் கூடாது. நம் மண்ணில் பிறந்து, வானொலியில் கிரிக்கெட்டைத் தமிழில் வர்ணித்தவர். பந்து எந்தப் பக்கம் போகிறது, யார் துரத்துகிறார், தடுத்தாரா, எல்லைக்கோட்டைத் தாண்டியதா என்று அவர் சொல்லச் சொல்ல, சேப்பாக்கத்தைக் கண்ணால் பார்த்தே இராத பையன்களுக்கு மைதானம் முழுக்கத் தெரிந்தது. இங்கே இத்தனை பேர் கால் மணி நேரம் நோட்டு இல்லாமல் ஸ்கோர் சொல்கிறோமே, காதில் விழுந்ததை மனதில் எழுதிவைத்துக்கொண்ட பழக்கம்தான் அது.

இப்போது 2001க்கு வருகிறேன். கொல்கத்தாவை எல்லாரும் சொல்லிவிட்டீர்கள். 16 டெஸ்டைத் தொடர்ந்து ஜெயித்து வந்த ஆஸ்திரேலிய அணி, 445 அடித்து, நம்மை 171க்கு உருட்டி, உடனே மறுபடியும் ஆடச் சொல்லி ஃபாலோ ஆன் கொடுத்தது. வி.வி.எஸ். லட்சுமணன் 281, டிராவிட் 180, ரெண்டு பேரும் ஜோடியாகச் சேர்த்தது 376. கடைசி நாள் தேநீர் இடைவேளைக்குப் பிறகு ஒரே செஷனில் ஆஸ்திரேலியாவின் ஏழு விக்கெட், ஜெயம் நமக்கு. எண்கள் உங்களுக்கு மனப்பாடம். நான் வேறொன்று சொல்கிறேன்.

மார்ச் மாதம் நமக்கு என்ன மாதம்? பிசான நெல் அறுவடை. அறுத்த வயலில் நெல்லின் அடித்தாள் நிற்கும். அதற்கு நடுவில்தான் நாம் ஸ்டம்ப் நட்டோம். தென்னை மட்டையைச் செதுக்கிய பேட், ரப்பர் பந்து. பந்து தாளில் பட்டால் எங்கே திரும்பும் என்று போட்டவனுக்கும் தெரியாது. அங்கே ஆடியவர்களுக்கு ஆஸ்திரேலியச் சுழல் பந்துவீச்சாளர் ஷேன் வார்னின் தந்திரம் புத்தகம் படிக்காமலே புரியும். பந்துவீச்சாளர்களின் ஆணி வைத்த பூட்ஸ் மிதித்து மிதித்து, ஆட்டக்காரரின் கால் பக்கத்து ஸ்டம்பான லெக் ஸ்டம்புக்கு வெளியே ஆடுகளம் பெயர்ந்துபோயிருக்கும். வார்ன் ஸ்டம்பின் மறுபக்கமாக, ரவுண்ட் தி விக்கெட் வந்து, அந்தக் குழியில் பந்தைக் குத்துவார். அது உள்பக்கம் பாயும், அல்லது எகிறும். பெரும்பாலானவர்கள் காலை நீட்டித் தடுப்பார்கள்.

1998இல் சென்னையில் டெண்டுல்கர் இதற்காகவே தயாரானார். சுழல் பந்துவீச்சாளர் லட்சுமண் சிவராமகிருஷ்ணனை அதே மாதிரி லெக் ஸ்டம்புக்கு வெளியே போடச் சொல்லி வலையில் பயிற்சி எடுத்தார். முதல் இன்னிங்ஸில் வார்ன் அவரை 4 ரன்னில் எடுத்துவிட்டார். இரண்டாவதில் 155 நாட் அவுட். குழியில் விழுந்து வந்த பந்தையும் மிட்விக்கெட் பக்கம் தூக்கினார்.

கொல்கத்தாவில் லட்சுமணன் செய்தது இன்னும் கடினம் என்பது என் எண்ணம். அதே குழியிலிருந்து வந்த பந்தை இறங்கி வந்து ஒரு முறை கவர் பக்கமும், அடுத்த முறை மிட் ஆன் பக்கமும் அடித்தார். ஒரே மாதிரி பந்து, ரெண்டு திசை. அது மணிக்கட்டில் இருந்த வித்தை. பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஆனால் என் மனம் எதிர்முனைக்குப் போகிறது. அந்த டெஸ்டின் நடுவில்தான் டிராவிட்டை மூன்றாம் இடத்திலிருந்து ஆறாம் இடத்துக்கு இறக்கினார்கள். தன் இடத்தில் லட்சுமணன் ஆடுகிறார். மனிதனுக்கு வலிக்கும்தானே? மார்ச் 14, நாலாம் நாள் காலையில் நாம் 254 ரன்னுக்கு 4 விக்கெட், இன்னும் 20 ரன் பின்னால். சாயங்காலம் 589க்கு அதே 4. ஒரு நாள் முழுக்க ஒரு விக்கெட் விழவில்லை. அந்த ஆட்டத்தில் டிராவிட் சந்தித்தது 353 பந்து. லட்சுமணனைப் பாட ஆயிரம் பேர் உண்டு. டிராவிட்டின் அந்த நாளைச் சொல்ல நான் ஒருத்தனாவது இருக்கிறேன்.

அடுத்து வந்த சென்னை டெஸ்டை விட்டுவிட மனமில்லை. ஹெய்டன் 203, ஸ்டீவ் வாஹ் பந்தைக் கையால் தள்ளி அவுட், ஹர்பஜனுக்கு 15 விக்கெட். 155 எடுத்தால் தொடர் நமக்கு. எட்டு விக்கெட் போன பிறகுதான் அது வந்தது. அங்கேயும் ஒருவர் நின்றார். முதல் டெஸ்ட் ஆடிய விக்கெட் கீப்பர் சமீர் திகே, 22 நாட் அவுட். அவர் பெயரைச் சொல்லி இன்று நீங்கள் கை தட்டினால் சந்தோஷப்படுவேன். (கைதட்டல்.) நன்றி.

இனி, என் நிமிடம். உண்மையில் நிமிடமில்லை, அது மூன்று மணி நேரம். 2021 ஜனவரி 11, சிட்னி.

அந்த வாரம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு, மார்கழி முடிகிற நேரத்தில் விடாத மழை. தாமிரபரணியில் வெள்ளம். குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் சூழ்ந்தது. அந்தக் கோயில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வெள்ளம் வந்தால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் பாறையிலேயே செதுக்கியவர். இருந்த இடத்தில் இருப்பார். தண்ணீர் மேலே ஏறிப் போகும், இறங்கும். கழுவிவிட்டுப் பூஜை தொடங்குவார்கள்.

அந்தக் காலையில் அஞ்சு மணிக்கு டிவியைப் போட்டேன். இலக்கு 407. பந்த் 97இல் போனார், புஜாரா 77இல் போனார். ஸ்கோர் 272க்கு 5. இன்னும் நாற்பது ஓவருக்கு மேல் கிடக்கிறது. ஜடேஜாவுக்குக் கட்டைவிரலில் பலத்த அடி. ஆனாலும் பேட் கட்டி உட்கார்ந்திருந்தார். களத்தில் நின்ற ஹனுமா விகாரிக்குத் தொடைத் தசை கிழிந்து ஓட முடியவில்லை. உள்ளே வந்த அஸ்வினுக்கு அன்று காலை குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாத அளவுக்கு முதுகு வலி.

இந்த ரெண்டு பேரும் 42 ஓவருக்கு மேல் நின்றார்கள். விகாரி 161 பந்தில் 23, அஸ்வின் 128 பந்தில் 39. சேர்ந்தெடுத்தது 62 ரன். பந்துகள் அஸ்வினின் நெஞ்சிலும் விலாவிலும் பட்டன. ஆஸ்திரேலிய கேப்டன் டிம் பெய்ன் ஸ்டம்புக்குப் பின்னால் நின்று சீண்டிக்கொண்டே இருந்தார். மறுநாள் அதற்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்த நேரத்தில்தான் ஸ்டம்ப் மைக்கில் தமிழ் கேட்டது. சென்னை லீக்கில் ஆடிப் பழகிய விகாரிக்குத் தமிழ் தெரியும். அஸ்வின் தமிழில் பேசிப் பேசி அவரை நிற்கவைத்தார். சிட்னி மைதானத்தில், எதிரணிக்குப் புரியாத மொழியாக, நம் வீட்டுப் பேச்சு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எண்பத்தாறில் ரேடியோ வழியாக நம் காதுக்கு வந்த தமிழ், ஆடுகளத்தின் நடுவிலிருந்தே வருகிறது. அடுக்களையிலிருந்து என் வீட்டம்மா, "யாரு பேசுதா? நம்ம ஆளுவளா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல எனக்குக் குரல் வரவில்லை.

334க்கு 5. டிரா. அடிலெய்டில் 36க்குச் சுருண்டு மூன்று வாரம் கழிந்த நேரம் அது. ஜெயிக்கவில்லையே என்று அன்றைக்கு நம்மில் ஒருத்தராவது சொன்னோமா?

புஜாராவைப் பற்றி ரெண்டு வார்த்தை. 2018–19 தொடரில் ஆஸ்திரேலியாவில் 1258 பந்து. அந்த முறைதான் அங்கே முதல் தடவை தொடரை ஜெயித்தோம். 2021இல் பிரிஸ்பேனில் கடைசி நாள் உடம்பெல்லாம் அடி வாங்கிக்கொண்டு 211 பந்தில் 56. அந்த மனிதரையும் நான் குறுக்குத்துறைப் பாறையோடுதான் சேர்த்து வைத்திருக்கிறேன்.

பிரிஸ்பேன் என்றதும் முன்வரிசையில் ஒரு தம்பி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். தாழையூத்திலிருந்து வந்திருக்கிறான். சின்னப்பம்பட்டி நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் ஒன்றாக முதல் டெஸ்ட் ஆடியது, 186க்கு 6 என்று கிடந்தபோது சுந்தரும் ஷர்துல் தாக்கூரும் 123 சேர்த்தது, 1988க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்றிராத பிரிஸ்பேனின் காபா மைதானத்தில் தோற்றது எல்லாம் அவனுடைய பங்கு. நான் அதைத் தொடப் போவதில்லை. வா தம்பி, இந்தா மைக்.