அரசர் வராத அறையில் பள்ளிச் சிறுமிகள்

அவைக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால், யார் கட்டினார், யார் ஓவியம் தீட்டினார், எந்த டியூக் எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்றே பேச்சு போகும். அந்த மாளிகைகளில் படித்த பெண் குழந்தைகளைப் பற்றி ஒரு வரி வரும். போர்க்காலத்தில் ஒரு பள்ளி இங்கே இயங்கியது என்பார்கள்; அதோடு அடுத்த அறைக்கு நகர்ந்துவிடுவார்கள். அந்த ஒரு வரியைத்தான் இன்று உங்கள்முன் விரித்துப் பேச வந்திருக்கிறேன்.

டெர்பிஷயர் மாவட்டத்தில், டெர்வென்ட் ஆற்றங்கரையில் சாட்ஸ்வொர்த் மாளிகை நிற்கிறது. டெவன்ஷயர் டியூக்குகளின் வீடு. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் முதலாம் டியூக் அதைப் புதுப்பித்தபோது, மேல்மாடியில் வரிசையாக அரச அறைகளைக் கட்டினார். அரசர் மூன்றாம் வில்லியமும் அரசி இரண்டாம் மேரியும் வந்து தங்குவார்கள் என்ற நம்பிக்கையில் கட்டியவை அவை. விதானத்தில் ஓவியம், சுவரெல்லாம் வேலைப்பாடு. அந்த வரிசையில் இசை அறையின் உள்கதவு ஒன்றில் ஒரு வயலின் தொங்குவதுபோல் தீட்டியிருக்கிறார்கள். கிட்டப்போய்ப் பார்த்தால்தான் அது வெறும் சாயம் என்று தெரியும். எல்லாம் தயாராக இருந்தது. அரசரும் வரவில்லை, அரசியும் வரவில்லை.

ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1939 செப்டம்பரில், அந்த அறைகளுக்கு ஆள் வந்தது. வேல்ஸ் நாட்டின் வடகரையில் கோல்வின் பே என்ற ஊரில் இருந்த பென்ரோஸ் கல்லூரி என்ற பெண்கள் பள்ளியின் மாணவிகள் 300 பேர், ஆசிரியைகளோடு, பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்கள். அரச வரவேற்பறை படுக்கைக் கூடமானது. எட்வர்ட் ஹாலிடே என்ற ஓவியர் அந்தக் காட்சியை அப்போதே தீட்டி வைத்திருக்கிறார். அரச குடும்பத்துக்காக அலங்கரித்த கூடத்தில் பள்ளிப் பிள்ளைகளின் கட்டில்கள்.

ஏன் வந்தார்கள்? பென்ரோஸ் 1880இல் மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவத் திருச்சபையினர் தொடங்கிய பள்ளி. போர் மூண்டால் லண்டனில் குண்டு விழும், அமைச்சகங்களை வெளியூருக்கு மாற்ற வேண்டும் என்று அரசு முன்கூட்டியே திட்டமிட்டிருந்தது. உணவு அமைச்சகத்துக்கு ஒதுக்கிய ஊர் கோல்வின் பே. பெரிய கட்டடம், நூற்றுக்கணக்கானோர் தங்க அறை, சமையலறை எல்லாம் ஆயத்தமாக இருந்த இடம் பென்ரோஸ். எடுத்துக்கொண்டார்கள். நாட்டு மக்களுக்கு எத்தனை அவுன்ஸ் வெண்ணெய், எத்தனை அவுன்ஸ் சர்க்கரை என்று பங்கீடு போட்ட அமைச்சகம், பெண் பிள்ளைகள் காலிசெய்து கொடுத்த வகுப்பறைகளில் உட்கார்ந்துதான் அந்தக் கணக்கைப் பார்த்தது.

பென்ரோஸ் மட்டுமல்ல. பாத் நகரில் படை அதிகாரிகளின் மகள்களுக்கென இருந்த பள்ளியைக் கடற்படைத் தலைமையகம் எடுத்துக்கொண்டது. அந்தப் பிள்ளைகள் லாங்லீட் மாளிகைக்குப் போனார்கள். வெஸ்டன்பர்ட் பெண்கள் பள்ளியின் கட்டடம் விமானத் துறைக்குப் போனது. பையன்கள் பள்ளிகளும் தப்பவில்லை. மால்வெர்ன் கல்லூரி மாணவர்கள் பிளென்ஹைம் அரண்மனையில் போய் உட்கார்ந்தார்கள். உறைவிடப் பள்ளி என்றாலே அரசின் கண்ணுக்கு அது கட்டில் எண்ணிக்கையாகத்தான் தெரிந்தது.

சரி, பத்தாம் டியூக் எட்வர்ட் கேவண்டிஷ் ஏன் 300 பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தார்? தாராள மனம் இருந்திருக்கலாம். கணக்கும் இருந்தது. பெரிய மாளிகை எதுவும் போர்க்காலத்தில் காலியாக இருக்க முடியாது; நாம் கொடுக்காவிட்டால் ராணுவம் எடுத்துக்கொள்ளும். சிப்பாய்கள் தங்கினால் படிக்கட்டும் கதவும் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். சிப்பாய்களைவிடப் பள்ளிப் பெண்கள் மேல் என்று முடிவு செய்தார். அந்த முடிவு சாட்ஸ்வொர்த்தைக் காப்பாற்றியது என்றே நான் கருதுகிறேன். போரில் ராணுவம் குடியிருந்து சிதைத்த எத்தனையோ மாளிகைகளைச் சொந்தக்காரர்கள் பிறகு செப்பனிட வழியில்லாமல் இடித்துத் தள்ளினார்கள். 1950களில் நூற்றுக்கணக்கில் இடிந்தன.

மாளிகையின் பொருள்களைப் பதினொரே நாளில் கட்டி ஒதுக்கினார்கள். அதன் பிறகு பள்ளி புகுந்தது. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒரு பள்ளியை நடத்த என்னவெல்லாம் வேண்டும்? ஆய்வுக்கூடம் வேண்டும், வழிபாட்டுக்கூடம் வேண்டும், சித்திரம் வரைய வெளிச்சமான இடம் வேண்டும். இயற்பியல் வகுப்பு, தலைமைப் பணியாளர் வெள்ளிப் பாத்திரங்களைப் பாதுகாத்த அறைக்குப் போனது. வேதியியல் குதிரை லாயத்துக்குப் போனது. வாயுவும் அமிலமும் வீட்டுக்குள் வேண்டாம் என்பது சரியான யோசனைதான். ஊறுகாயும் பழப்பாகும் போட்ட அறையில் உயிரியல். ஆரஞ்சு மரங்களைக் குளிருக்கு ஒதுக்கிவைக்கும் கண்ணாடிக் கூடத்தில் சித்திர வகுப்பு. ஜூலியஸ் சீசரின் வாழ்க்கையை ஓவியர் லூயி லகேர் சுவரெங்கும் தீட்டிய பெருங்கூடத்தில் காலைக் கூட்டம். ஒரு வீட்டின் வேலைக்கார அறைகளையும் விருந்தினர் அறைகளையும் ஒரே அடுக்கில் வைத்து, எது எதற்குப் பயன்படும் என்று மட்டும் பார்த்திருக்கிறார்கள் அந்த ஆசிரியைகள். போர் தொடங்கிய மாதத்தில், சொந்தக் கட்டடம் கைவிட்டுப் போன நிலையில் இதைச் செய்தார்கள். இவர்களின் நிர்வாகத் திறனுக்கு யாரும் சிலை வைக்கவில்லை.

வசதி என்று சொல்ல முடியாது. அத்தனை பேருக்குக் குளிக்க வெந்நீர் போதவில்லை. 1940 ஜனவரியில் இங்கிலாந்தில் கடுங்குளிர். தோட்டத்தில் நேர்கோடாக வெட்டிய நீண்ட குளம் உறைந்தபோது அதன்மேல் சறுக்கி விளையாடினார்கள். இரவில் ஒரே கூடத்தில் பலர் படுத்து உறங்க, அவர்கள் மூச்சின் ஈரம் சுவரில் தங்கி, சில ஓவியங்களின் பின்புறத்தில் பூஞ்சை பிடித்தது. இதை மாளிகைக்கு நேர்ந்த சேதமாகத்தான் எழுதுவது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிரபுக்கள் வாழ்ந்த காலத்தில் அந்த அரச அறைகளில் அத்தனை உயிர்கள் ஒருசேர மூச்சுவிட்டதே கிடையாது. ஓவியத்தைத் துடைத்துக்கொள்ளலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். டியூக் பட்டமும் நிலமும் மூத்த மகனுக்கு. அவன் இல்லையென்றால் அடுத்த மகனுக்கு. அந்த வீட்டில் பிறந்த பெண் மணமாகி வெளியே போக வேண்டியவள்தான். பிரபு வீட்டுப் பெண்களுக்குப் பள்ளிப் படிப்பு தேவை என்றுகூடப் பல குடும்பங்கள் நினைக்கவில்லை. பத்தாம் டியூக்கின் இரண்டாம் மகன் ஆண்ட்ரூ 1941இல் மணந்த டெபோரா மிட்ஃபோர்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தந்தை மகனை ஈட்டன் என்ற புகழ்பெற்ற ஆண்கள் பள்ளிக்கு அனுப்பினார். ஆறு மகள்களையும் பெரும்பாலும் வீட்டிலேயே வைத்துக் கற்பித்தார். பின்னாளில் சாட்ஸ்வொர்த்தை மீட்டு நிறுத்திய அறிவாளியான பெண்மணி அவர். ஆனால் பள்ளி வாழ்க்கை என்று சொல்ல அவருக்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அவர் மருமகளாகப் புகுந்த குடும்பத்தின் மாளிகையில் அந்த நேரத்தில் 300 பெண்கள் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தார்கள். வாரிசுரிமை பெண்ணுக்கு மறுத்த கூடங்களை, நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் பாடநூலோடு வந்து நிரப்பினார்கள். எனக்கு இந்தக் கதையில் பெரிய விஷயம் இதுதான்.

இது போரினால் வந்த விபத்து மட்டுமென்று நினைத்துவிட வேண்டாம். வேர் அதற்கும் முன்னே இருக்கிறது. கேம்பிரிட்ஜில் பெண்களுக்கென இருந்த கர்ட்டன் கல்லூரியில் முதல் சில ஆண்டுகளில் படித்தவர் பிரான்சிஸ் டவ். பெண்கள் தேர்வு எழுதலாம், தேறலாம், பட்டம் மட்டும் கிடையாது என்றிருந்த காலம். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது 1948இல்தான். ஸ்காட்லாந்தில் செயின்ட் லெனார்ட்ஸ் பள்ளியின் தலைமையாசிரியையாக டவ் இருந்தபோது, 1890இல், அங்கே பெண்கள் லாக்ராஸ் என்ற, வலைக்கோலால் பந்தைப் பிடித்து எறியும் விளையாட்டை ஆடத் தொடங்கினார்கள். பெண்ணின் உடம்பு ஓட்டத்தைத் தாங்காது என்று மருத்துவர்களே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், ஓடினால்தான் படிப்பும் வரும் என்று நம்பியவர் டவ். அதற்குத் திடல் வேண்டும், மரம் வேண்டும், வேலிக்குள் பரந்த வெளி வேண்டும். 1896இல் கேரிங்டன் பிரபுவின் விக்கம் அபி மாளிகையையும் அதன் பூங்காவையும் விலைக்குப் பெற்றுப் பள்ளி தொடங்கினார்.

அங்கே ஆசிரியைகளாக இருந்த மூவர், கிறிஸ்டின் ஷெல்டன், ஆன் ஹிண்டில், கேத்லீன் பேர்ட், 1923இல் சொந்தமாக ஒரு பள்ளி தொடங்கினார்கள். மறு ஆண்டே கென்ட் மாவட்டத்தில் ஹெம்ஸ்டெட் பூங்கா மாளிகை அவர்களுக்குக் கிடைத்தது. அதுதான் பெனென்டன் பள்ளி. அந்த மாளிகையைக் கட்டிக்கொண்டவர் கேதார்ன் ஹார்டி. 1878 முதல் 1880 வரை லண்டனில் இருந்துகொண்டு இந்தியாவை ஆண்ட இந்திய அமைச்சர். இந்தியாவின் தலையெழுத்தைப் பார்த்த ஒருவரின் வீட்டில் அரை நூற்றாண்டு கழித்துப் பெண் குழந்தைகள் கணக்குப் போட்டார்கள். வெஸ்டன்பர்ட்டிலும் அதே கதை: மாளிகையின் சொந்தக்காரர்களான ஹோல்ஃபோர்டு குடும்பத்தின் கடைசி வாரிசு 1926இல் இறந்தார், 1928இல் பள்ளி வந்துவிட்டது.

ஏன் 1920களில் இத்தனை மாளிகைகள் கைமாறின? சொந்தக்காரர் இறந்தால் சொத்தின்மீது விழும் இறப்பு வரி 1894இல் வந்தது, விளைபொருள் விலை வீழ்ச்சி, முதல் உலகப் போரில் இறந்துபோன வாரிசுகள். விற்கத் துடித்தவர்கள் நிறைய, வாங்க ஆள் இல்லை. கையில் பணமில்லாத, ஆனால் துணிச்சல் மிகுந்த பெண் ஆசிரியைகள் அந்த வாசல் வழியாக உள்ளே நுழைந்தார்கள்.

இன்னொரு பள்ளியைச் சொல்லியாக வேண்டும். யார்க்ஷயர் கடற்கரையில் ஸ்கார்பரோவில் இருந்த குயின் மார்கரெட்ஸ். 1914 டிசம்பர் 16ஆம் தேதி காலை ஜெர்மன் போர்க்கப்பல்கள் அந்த ஊரைச் சுட்டன. குண்டு பள்ளியிலும் விழுந்தது. பிள்ளைகள் ஊரைவிட்டு வெளியேற, பள்ளி ஸ்காட்லாந்துக்குப் போனது. அந்த நினைவு இருந்த பள்ளி, 1939இல் போர் வந்ததும் கடற்கரையில் காத்திருக்கவில்லை. உள்நாட்டில் கட்டடக் கலைஞர் வான்புரூ வடிவமைத்த காசில் ஹோவர்ட் மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. குண்டுக்குத் தப்பி வந்தவர்களை நெருப்பு தேடி வந்தது. 1940 நவம்பர் 9ஆம் தேதி விடியற்காலை தென்கிழக்குப் பகுதியில் பிடித்த தீ அறை அறையாகப் பரவி, நடுக் கோபுரத்தின் குவிமாடத்தை எரித்து வீழ்த்தியது. அந்தக் குவிமாடத்தின் உள்ளே இத்தாலிய ஓவியர் பெல்லெக்ரினி தீட்டியிருந்தது, சூரியனின் தேரிலிருந்து எரிந்து விழும் ஃபேத்தன் என்ற கிரேக்கப் புராண இளைஞனின் கதை.

ஒரு பிள்ளைக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அதோடு, மாணவிகளும் ஆசிரியைகளும் ஓவியங்களையும் நாற்காலி மேசைகளையும் கைமாற்றிக் கைமாற்றி வெளியே கொண்டுவந்து சேர்த்தார்கள். இன்று அந்த மாளிகையில் நீங்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் பொருள்களில் சில, அந்தப் பிள்ளைகள் தூக்கி வந்தவை. வீட்டின் மகன்கள் போருக்குப் போயிருந்தார்கள்; இருவர் திரும்பவே இல்லை. எஞ்சிய ஜார்ஜ் ஹோவர்ட் திரும்பி வந்து வீட்டை மீட்டார். குவிமாடம் 1960களின் தொடக்கத்தில் மறுபடி எழுந்தது. பள்ளி 1949இல் யார்க் அருகே எஸ்க்ரிக் பூங்கா என்ற இன்னொரு மாளிகைக்குப் போய்விட்டது.

சாட்ஸ்வொர்த்துக்கு வருவோம். பென்ரோஸ் பிள்ளைகள் அங்கே இருந்த காலத்திலேயே, 1944 செப்டம்பரில், டியூக்கின் மூத்த மகன் பெல்ஜியத்தில் போரில் இறந்தார். அமெரிக்கக் கென்னடி குடும்பத்துக் கேத்லீனை மணந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. 1946 மார்ச்சில் பள்ளி ஊர் திரும்பியது. காலியான மாளிகையைத் துடைத்து ஒழுங்குபடுத்தியவர்களும் பெண்கள்தான்: ஹங்கேரியிலிருந்து வந்த இலோனா, எலிசபெத் ஷொய்மோஷி என்ற சகோதரிகள், கிழக்கு ஐரோப்பியப் பெண்கள் பலரைச் சேர்த்துக்கொண்டு அந்த வேலையைச் செய்தார்கள். 1949இல் மக்களுக்குக் கதவு திறந்தது. 1950இல் பத்தாம் டியூக் இறக்க, சொத்தில் 80 விழுக்காடு வரி விழுந்தது. குடும்பத்தின் இன்னொரு வீடான ஹார்ட்விக் மாளிகையையே அரசுக்குக் கொடுத்துத்தான் ஆண்ட்ரூவும் டெபோராவும் தலைதூக்கினார்கள்.

சாட்ஸ்வொர்த் இன்று நிற்கிறது. காசில் ஹோவர்ட் நிற்கிறது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் போகிறார்கள். பென்ரோஸ் 1990களில் ரைடல் பள்ளியோடு இணைந்தது. இணைந்த அந்தப் பள்ளியும் 2025 கோடையில் மூடப்பட்டது. அதே கோடையில் குயின் மார்கரெட்ஸும் மூடப்பட்டது. மாளிகைகளுக்கு ஆவணக் காப்பகம் இருக்கிறது, காப்பாளர் இருக்கிறார். மூடிப்போன பள்ளிக்கு யார் இருக்கிறார்கள்? 1939இல் பதினொரு வயதில் சாட்ஸ்வொர்த் வாசலில் வந்து இறங்கிய ஒரு சிறுமி இன்று உயிரோடு இருந்தால் வயது தொண்ணூற்றைந்துக்கு மேல். அவர்களின் வீட்டு அலமாரிகளில் கடிதங்கள் இருக்கும், பள்ளி இதழ்கள் இருக்கும், குதிரை லாயத்தில் எழுதிய வேதியியல் நோட்டு இருக்கும்.

இந்த அவையில் ஆய்வு மாணவர்கள் இருக்கிறீர்கள். பெண் கல்வி வரலாற்றில் தலைப்பு தேடுவோர் என்னிடம் வருகிறீர்கள். இங்கிலாந்தில் உறவினர் உள்ளவர்கள், அங்கே படிக்கப் போகிறவர்கள், பழைய மாணவியர் சங்கங்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அந்தப் பெண்களிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். மாளிகையைப் பற்றிக் கேட்க வேண்டாம், அதற்கு வழிகாட்டி நூல் இருக்கிறது. என்ன படித்தீர்கள், யார் கற்றுத் தந்தார்கள், பிறகு என்ன ஆனீர்கள் என்று கேளுங்கள்.

வணக்கம்.