சந்தேகங்களுக்கு விளக்கம்: இன்றிரவோடு முடியும் தள்ளுபடியில் இந்த மடிக்கணினியை வாங்கலாமா?

வணக்கம். இன்று ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இதே சந்தேகம் வேறு வேறு வடிவங்களில் பலரிடமிருந்து வந்துகொண்டிருக்கிறது. கேட்டிருப்பவர் ஒரு தந்தை. கல்லூரியில் சேரவிருக்கும் மகளுக்கு மடிக்கணினி வாங்க வேண்டும். பாடக் குறிப்புகள் எழுதுவது, இணையவழி வகுப்புகள், பைத்தான் பயிற்சி, எப்போதாவது புகைப்படங்களைத் திருத்துவது ஆகியவைதான் மகளுக்கு இருக்கும் வேலைகள். விளையாட்டுகளில் நாட்டம் இல்லை. வாங்கினால் நான்கைந்து ஆண்டுகளாவது உழைக்க வேண்டும் என்கிறார்.

அவர் மூன்று மாடல்களைக் குறிப்பிட்டிருக்கிறார். முதலாவது, ரைசன் 5 7520யு ப்ராசஸர் (கணினியின் மூளையான சிப்), 8 ஜிபி ரேம் (ஓடும் வேலைகளைத் தாங்கும் தற்காலிக நினைவகம்), 512 ஜிபி எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் இடம்), 15.6 அங்குலத் திரை கொண்டது. அச்சிட்ட விலையிலிருந்து ஏறக்குறைய 40 சதவீதம் குறைத்திருக்கிறார்கள், அந்தச் சலுகை இன்றிரவோடு முடிகிறது. இரண்டாவது, இன்டெல் கோர் ஐ5-1235யு, 8 ஜிபி ரேம், அதே அளவுத் திரை, ரேம் பொருத்தும் ஓர் இடம் (ஸ்லாட்) காலியாக இருக்கிறது, தள்ளுபடி சொற்பம். மூன்றாவது, ரைசன் 5 7530யு, 16 ஜிபி ரேம், 14 அங்குல ஐபிஎஸ் திரை. தள்ளுபடி அறவே இல்லை, விலையும் முதலாவதைவிடப் பத்தில் ஒரு பங்கு அதிகம். ‘எல்லாவற்றிலும் ஐ5 அல்லது ரைசன் 5 என்றுதான் போட்டிருக்கிறது. அப்படியானால் தள்ளுபடி அதிகமாக இருப்பதை எடுப்பதுதானே சரி? இல்லையென்றால் அடுத்த சலுகை விற்பனை வரை காத்திருக்கலாமா?’ என்பது அவருடைய கேள்வி.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். முதலாவதை வாங்க வேண்டாம். மூன்றாவது கைக்கு எட்டுமானால் அதை எடுங்கள். அது கையைக் கடிக்கும் என்றால் இரண்டாவதை எடுத்து, காலியாக உள்ள ஸ்லாட்டில் இன்னொரு 8 ஜிபி ரேம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், மடிக்கணினியில் வாங்கிய பிறகு மாற்ற முடியாதவை சில உண்டு, மாற்றிக்கொள்ளக் கூடியவை சில உண்டு. ப்ராசஸரை மாற்ற முடியாது. மதர்போர்டு என்ற மையப் பலகையோடு சால்டர் செய்து ஒட்டப்பட்ட ரேமையும் மாற்ற முடியாது. திரையை மாற்றலாம் என்றாலும் செலவு பெரும்பாலும் கட்டுப்படியாகாது. எஸ்எஸ்டி அப்படியல்ல, அதை எப்போது வேண்டுமானாலும் பெரிதாக்கிக்கொள்ளலாம். ஸ்லாட் இருந்தால் ரேமைக் கூட்டலாம், பேட்டரி தளர்ந்தால் புதியது போடலாம். ஆகவே பணத்தை முதலில் மாற்ற முடியாதவற்றின் மீது போட வேண்டும். அந்தத் தந்தை பார்த்திருக்கும் சலுகையில் குறைந்திருப்பது எல்லாமே மாற்ற முடியாத பகுதிகளில்தான், அதனால்தான் எனக்கு அது உறுத்துகிறது.

அந்த 40 சதவீதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது அச்சிட்ட விலையிலிருந்து கணக்கிடப்பட்ட சதவீதம். அந்த மாடல் கடந்த சில மாதங்களில் உண்மையில் என்ன விலைக்கு விற்றது என்பதைப் பார்த்தால்தான் இன்றைக்குக் குறைந்திருப்பது எவ்வளவு என்று தெரியும். பழைய விலைகளை வரைபடமாகக் காட்டும் இணையதளங்கள் இருக்கின்றன. அவற்றில் அந்தக் கோடு பெரும்பாலும் ஒரே மட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தால், இன்றைய சலுகை விலைதான் அந்தப் பொருளின் வழக்கமான விலை என்று பொருள். ஒப்பிடும்போது மூன்று மாடல்களிலும் கையிலிருந்து போகும் தொகையை மட்டும் வரிசையாக எழுதி, தேவையான நிலைக்குக் கொண்டுவர மேற்கொண்டு ஆகும் செலவையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது மாடலுக்கு அந்தச் செலவு ஒரு ரேம் துண்டின் விலை. மூன்றாவதற்கு எதுவும் இல்லை. முதலாவதை எவ்வளவு செலவழித்தாலும் அந்த நிலைக்குக் கொண்டுவர முடியாது.

இனி ப்ராசஸருக்கு வருவோம். பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு என்ற இரண்டு பெயர்களுக்கும் இடையே ஒரே ஓர் எண்தான் மாறுகிறது. ஆனால் உள்ளே இருப்பவை வேறு வேறு சிப்கள். ஏஎம்டி நிறுவனம் 2022-இல் மடிக்கணினிகளுக்கான தன் ப்ராசஸர்களுக்குப் பெயரிடும் முறையை மாற்றியது. அதன்படி முதல் இலக்கம் வெளிவந்த ஆண்டு வரிசையையும், இரண்டாவது இலக்கம் சந்தையில் அதன் தரநிலையையும், மூன்றாவது இலக்கம் உள்ளே இருக்கும் வடிவமைப்பின் தலைமுறையையும் குறிக்கின்றன. அந்த மூன்றாவது இலக்கத்தில்தான் நாம் விரலை வைக்க வேண்டும். 7520-இல் அது 2, அதாவது ஜென் 2. அந்த வடிவமைப்பு முதலில் சந்தைக்கு வந்தது 2019-இல். 7530-இல் அது 3, அதாவது 2020-இல் அறிமுகமான ஜென் 3. 7640 என்று இருந்தால் ஜென் 4.

வித்தியாசம் தலைமுறையோடு நிற்கவில்லை. 7520யு-வில் 4 கோர்கள் (சிப்பினுள் வேலை செய்யும் பகுதிகள்), 8 த்ரெட்கள் (ஒரே நேரத்தில் கையாளும் வேலை வரிசைகள்). 7530யு-வில் 6 கோர்கள், 12 த்ரெட்கள். திரையில் படங்களை வரையும் கிராஃபிக்ஸ் பகுதியை எடுத்துக்கொண்டால் முதலாவதில் 2 கணக்கீட்டு அலகுகளும் மற்றதில் 7 அலகுகளும் இருக்கின்றன. அவை வேறு தலைமுறையைச் சேர்ந்தவை என்பதால் நேரடியாக எண்ணிக்கையை வைத்து மட்டும் ஒப்பிட முடியாதுதான், இருந்தாலும் புகைப்படம் திருத்தும்போது இந்த இடைவெளி தெரியும். நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: 7520யு ஒரு மோசமான சிப் அல்ல. குறைந்த மின்சாரத்தில், அதிகம் சூடாகாமல், அன்றாட வேலைகளைச் செய்வதற்கென்றே ஆரம்ப நிலை மடிக்கணினிகளுக்காக உருவாக்கப்பட்டது அது. ஆரம்ப நிலை விலையில் கிடைத்தால் நானே பரிந்துரைப்பேன். இடைநிலை விலையைச் சொல்லி, அதில் தள்ளுபடி தருவதாகக் காட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. படிக்கப்போகும் பிள்ளைக்காகச் சேர்த்து வைத்த பணம் அது.

இரண்டாவது மாடலில் உள்ள ஐ5-1235யு-வில் 10 கோர்கள் இருப்பதாகப் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, 6 கோர்களைவிட 10 பெரிதல்லவா என்று நீங்கள் நினைக்கலாம். அந்தப் பத்தில் கடினமான வேலைக்கான பெரிய கோர்கள் 2 மட்டுமே. மற்ற 8-உம் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் சிறிய கோர்கள். மொத்த த்ரெட்கள் 12. இவர் சொல்லியிருக்கும் வேலைகளுக்கு 1235யு-வும் 7530யு-வும் கிட்டத்தட்ட ஒரே தரத்தில் நிற்பவை, இவற்றுக்கிடையே ப்ராசஸரை வைத்து முடிவெடுக்கத் தேவையில்லை. அடுத்த தலைமுறையான ஐ5-1335யு-வும், பெயர் மாற்றி வந்த கோர் 5 120யு-வும் இதே 2 பெரிய, 8 சிறிய கோர் அமைப்பில் வந்தவைதான். எனவே புதிய பெயருக்காக அதிக விலை கொடுக்க வேண்டாம். பெயரின் கடைசியில் யு-வுக்குப் பதிலாக எச் என்று இருந்தால் அது அதிக வாட்டில் இயங்கும் வகை. வேகம் கூடும், சூடும் விசிறிச் சத்தமும் கூடும், பேட்டரி சீக்கிரம் தீரும்.

ரேம் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். 7520யு எல்பிடிடிஆர்5 வகை ரேமை மட்டுமே ஏற்கும். இந்த விலை வரம்பில் அந்த வகை போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டுத்தான் வருகிறது. அதாவது இன்று 8 ஜிபி என்றால் ஐந்தாம் ஆண்டிலும் 8 ஜிபிதான். அதிலும் முழு 8 ஜிபி நமக்குக் கிடைக்காது, ஏனெனில் தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினிகளில் திரைக்காக ஒரு பகுதி ஒதுக்கப்பட்டுவிடும். உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஏதாவது விண்டோஸ் மடிக்கணினி இருந்தால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரி என்பதைச் சொடுக்கிப் பாருங்கள். கீழே ‘ஹார்ட்வேர் ரிசர்வ்ட்’ என்ற வரியில் அப்படி ஒதுக்கப்பட்ட அளவு தெரியும். ‘ஸ்லாட்ஸ் யூஸ்ட்’ என்ற வரியில் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டும். ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்ற இடத்தில் ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று இருந்தால் அது பெரும்பாலும் சால்டர் செய்யப்பட்ட ரேம், ‘எஸ்ஓடிம்’ என்று இருந்தால் கழற்றி மாட்டக்கூடியது. அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு வீடியோ வகுப்பு, பத்துப் பதினைந்து டேப்கள், ஒரு வேர்டு கோப்பு, ஒரு நிரல் எழுதும் செயலி ஆகியவற்றை ஒன்றாக ஓட்டினால், 8 ஜிபி எவ்வளவு சீக்கிரம் நிறைகிறது என்பதை நீங்களே கண்கூடாகக் காணலாம்.

இரண்டாவது மாடலில் ஒரே ஒரு ரேம் துண்டு மட்டும் இருப்பதற்கு இன்னொரு விளைவும் உண்டு. 1235யு-வின் உள்ளே இருப்பது ஐரிஸ் எக்ஸ்இ கிராஃபிக்ஸ். ஆனால் ரேம் ஒற்றை சேனலில், அதாவது ஒரே தரவுப் பாதையில் ஓடும்போது அதே கிராஃபிக்ஸ் வெறும் யுஎச்டி என்ற பெயரில்தான் காட்டப்படும், வேகமும் குறையும். இரண்டாவது துண்டைப் போட்டதும் இரட்டை சேனல் கிடைத்து, பெயரும் வேகமும் திரும்பி வந்துவிடும். எனவே அந்தக் கூடுதல் 8 ஜிபியை என்றாவது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல், வாங்கும்போதே சேர்த்துப் போட்டுவிடுவது நல்லது. அதற்கு முன் பின்பக்க மூடியைத் திறந்தால் உத்தரவாதம் செல்லுமா என்று தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் சேவையில் எழுத்து மூலமாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது திரை. மகள் ஒரு நாளில் பல மணி நேரம் பார்க்கப்போவது அதைத்தான், ஆனால் விளம்பரங்களில் முழு எச்டி என்ற சொல்லோடு அதை முடித்துவிடுகிறார்கள். மூன்று விவரங்களைத் தேடுங்கள். பேனல் ஐபிஎஸ் வகையா, டிஎன் வகையா என்பது முதலாவது. டிஎன் என்றால் சற்றுச் சாய்த்துப் பார்த்தாலே நிறம் மாறிவிடும். வெளிச்சம் எத்தனை நிட்ஸ் என்பது அடுத்தது. 250 நிட்ஸ் அறைக்குள் போதும், ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் சிரமப்படுத்தும், 300-க்கு மேல் இருந்தால் நிம்மதி. நிறங்களைக் காட்டும் திறன் மூன்றாவது. 45 சதவீத என்டிஎஸ்சி (நிற வரம்பை அளக்கும் ஓர் அளவுகோல்) என்று போட்டிருந்தால், இணையத்தில் நாம் காணும் படங்களுக்கு அடிப்படையான எஸ்ஆர்ஜிபி நிறங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகத்தான் அந்தத் திரை காட்டும். சிவப்பு வெளிறித் தெரியும். 72 சதவீத என்டிஎஸ்சி என்பது எஸ்ஆர்ஜிபி முழுவதற்கும் ஏறத்தாழச் சமம். ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று வகைத் திரைகளோடு விற்பது வழக்கம் என்பதால், குடும்பப் பெயரை நம்பாமல் முழுமையான மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள்.

பேட்டரியை மணிக்கணக்கில் சொல்லும் விளம்பர வாசகத்தை விட்டுவிட்டு, அது எவ்வளவு மின்சாரத்தைச் சேமிக்கும் என்று காட்டும் வாட்-ஹவர் எண்ணைப் பாருங்கள். சராசரியாக 7 வாட் செலவாகும் கணினியில் 42 வாட்-ஹவர் பேட்டரி 6 மணி நேரம் தாங்கும், 56 இருந்தால் 8 மணி நேரம். யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சில மாடல்களில் அந்தத் துளை தரவுக்கு மட்டுமே. எஸ்எஸ்டி மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றுதான், அதில் நேரம் செலவிட வேண்டாம்.

வேறு யாராவது கேமிங் மடிக்கணினியோ ஏஐ மடிக்கணினியோ எடுக்கச் சொல்லியிருக்கலாம். விளையாட்டில் நாட்டம் இல்லாத மாணவிக்குத் தனி கிராஃபிக்ஸ் அட்டை வெறும் எடைதான். ஏஐ என்ற முத்திரைக்கும் தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம். மைக்ரோசாஃப்டின் கோபைலட் பிளஸ் வசதிகளுக்கு நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்கீடுகளாவது செய்யும் என்பியு-வும் (ஏஐ வேலைகளுக்கான தனிப் பகுதி) 16 ஜிபி ரேமும் வேண்டும், ஏஐ என்று எழுதி விற்கப்படும் பல கணினிகள் அந்த அளவை எட்டுவதில்லை. பழைய அலுவலக மடிக்கணினியைப் புதுப்பித்து விற்பவர்களிடம் வாங்குவது தவறில்லை, ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 முறையாக ஏறக்கூடிய இன்டெல் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள்.

காத்திருக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். வகுப்புகள் தொடங்க இன்னும் சில வாரங்கள் இருக்குமானால், மூன்றாவது மாடலின் விலையைக் குறித்துவைத்து, அது குறைகிறதா என்று அந்த வாரங்களுக்குள் மட்டும் பார்த்திருங்கள். குறைந்தால் நல்லது. குறையாவிட்டாலும் வகுப்பு தொடங்கும் முன் வாங்கிவிடுங்கள். கணினி இல்லாமல் மகள் முதல் பருவத்தைத் தொடங்கும் அளவுக்கு எந்தச் சலுகையும் பெறுமதியானதல்ல. பெட்டி கைக்கு வந்ததும், திருப்பி அனுப்புவதற்கான கெடு முடியும் முன்பாகவே, மாடல் எண் பொருந்துகிறதா, ரேம் சொன்னபடி இருக்கிறதா, வெள்ளைத் திரையில் புள்ளி ஏதும் செத்துக் கிடக்கிறதா, எல்லா யுஎஸ்பி துளைகளும் வேலை செய்கின்றனவா என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். மூன்றாவது மாடலின் முழு மாடல் எண்ணை எனக்கு அனுப்பினால், அதன் 16 ஜிபியில் எவ்வளவு சால்டர் செய்யப்பட்டது, திரை எந்த வகை என்பதைப் பார்த்து அடுத்த பகுதியில் சொல்கிறேன்.