கொலுசு நிற்கும் இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலியில் படம் போட்டுக் காட்ட முடியாது. காலைப் பற்றிப் பேசுவதற்குப் படம் தேவையும் இல்லை. வீட்டில் இருப்பவர்கள் ஒரு காலைத் தூக்கி மடிமேல் வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போகிறவர்களும் தறியில் உட்கார்ந்திருப்பவர்களும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் சொல்லச் சொல்ல விரலால் தொட்டுப் பார்த்தால் போதும்.

30 ஆண்டுகளுக்கு மேல் மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறியல் கற்பித்தவன் நான். பாடநூல்கள் இடுப்பில் தொடங்கிக் கால்விரலில் முடிக்கும். வகுப்பில் நானும் அப்படித்தான் நடத்தினேன். இன்று கீழிருந்து மேலே போகிறேன். நாம் சேலத்துக்காரர்கள், கொலுசு செய்து ஊர் ஊராக அனுப்புகிறவர்கள். ஆகவே கொலுசு நிற்கும் இடத்தில் தொடங்குவதே முறை.

கணுக்காலின் இரண்டு பக்கமும் புடைப்பாக எலும்பு தட்டுப்படும். ஒன்றின்மேல் கட்டைவிரலையும் மற்றதன்மேல் ஆள்காட்டி விரலையும் வையுங்கள். இரண்டும் ஒரே மட்டத்திலா இருக்கின்றன? இல்லை. வெளிக்கணு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் தாழ்ந்தும், சற்றுப் பின்தள்ளியும் இருக்கும். ஆயுள் முழுக்கக் கொலுசு போட்டவர்கள்கூட இதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

எனக்கு இதை முதலில் சொன்னது பாடநூல் அல்ல. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்த ஒரு பெரியவர். அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். அக்காவின் திருமணத்துக்குக் கொலுசு செய்யச் சொல்வதற்காக அம்மாவோடு அக்காவும் நானும் காலையிலேயே போய் நின்றோம். பெரியவர் அளவு எடுக்க மறுத்துவிட்டார். "பொழுது சாய்ந்ததும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் அம்மா. காலையில் அளந்த கொலுசு சாயங்காலம் இறுக்கிப் பிடிக்கும்" என்றார். மாலையில் மறுபடியும் போனோம். அக்கா உட்காரப் போனாள், அவர் விடவில்லை. கருங்கல் தரையில் நிற்கவைத்து, குனிந்து, ஒரு நூலைக் கணுக்காலைச் சுற்றிக் கொண்டுவந்து, இரண்டு முனையும் சேர்ந்த இடத்தை நகத்தால் கிள்ளிப் பிடித்துக்கொண்டார். நான் பக்கத்தில் குந்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். "தம்பி, வெளிக்கணு இறங்கியிருக்கிறது பார், உள்கணு ஏறியிருக்கிறது பார். கொலுசு வட்டம். கால் வட்டம் இல்லை" என்றார். அந்தச் சொல் இன்றும் என் காதில் இருக்கிறது. பிறகு உடற்கூறியல் அறையில் முதல்முறையாகக் கணுக்கால் எலும்பைக் கையில் வாங்கியபோது எனக்கு அந்தக் கருங்கல் தரைதான் நினைவுக்கு வந்தது.

அவர் சொன்னதில் இரண்டு பாடங்கள் அடங்கியிருந்தன. முதலில் கணு.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள். தடித்தது உள்பக்கம், உடலின் எடையைப் பெரும்பாலும் அதுதான் தாங்குகிறது. மெலிந்தது வெளிப்பக்கம். உள்கணு தடித்த எலும்பின் நுனி, வெளிக்கணு மெலிந்த எலும்பின் நுனி. இரண்டும் சேர்ந்து, பட்டறையில் வெள்ளியைப் பிடிக்கும் இடுக்கியைப்போல, பாதத்தின் மேல் எலும்பைக் கவ்விக்கொண்டிருக்கின்றன. அந்த மேல் எலும்பில் ஒரு தசைகூட ஒட்டியிருக்காது. சுற்றிலும் தசைகளை எலும்போடு கட்டும் நாண்கள் ஓடும்; ஒன்றும் அதைப் பிடித்துக்கொள்ளாது. இடுக்கியின் பிடியும், எலும்போடு எலும்பைச் சேர்க்கும் ஜவ்வுகளின் கட்டும்தான் அதற்குக் காவல்.

இடுக்கியின் வெளிக்கை நீளம், உள்கை குட்டை. அதனால் பாதம் வெளிப்பக்கம் புரள்வது கடினம், உள்பக்கம் புரள்வது எளிது. கால் பிசகியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் வெளிக்கணுவுக்குக் கீழேதான் வீக்கத்தைக் காட்டுவார்கள். பாதம் உள்ளே மடங்கும்போது வெளிப்பக்க ஜவ்வு இழுபட்டுக் கிழிகிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இன்றைக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்ததே இதுதான். இடுக்கிக்குள் இருக்கும் அந்த எலும்பு முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். மேடு ஏறும்போது பாதம் மேல்நோக்கி மடங்குகிறது. அகலமான முன்பகுதி இடுக்கிக்குள் வந்து இறுகிக்கொள்கிறது. இறங்கும்போது விரல்நுனி கீழே நீள்கிறது; குறுகிய பின்பகுதி வந்து நிற்கிறது. பிடி தளர்கிறது. பஸ் படியில் இருந்து இறங்கும்போதும், வரப்பில் இருந்து குதிக்கும்போதும், மலைப்பாதையில் இறங்கும்போதும் கால் பிசகுவதற்கு இது ஒரு பெரிய காரணம். ஏறுவதைப் பார்த்துப் பயப்படுகிறோம். கால் பயப்படவேண்டியது இறக்கத்துக்குத்தான்.

பெரியவர் சொன்ன இரண்டாவது பாடம் சாயங்காலம். இதயம் ரத்தத்தைக் கீழே தள்ளிவிடும். கீழிருந்து மேலே கொண்டுவருவது யார்? கெண்டைக்கால் சதை. நடக்கும் ஒவ்வொரு எட்டிலும் அது சுருங்கி, ரத்தத்தை மேலே கொண்டுபோகும் குழாய்களான சிரைகளைப் பிழிகிறது. சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகள் ரத்தத்தைத் திரும்பி இறங்க விடாமல் தடுக்கின்றன. அசையாமல் நின்றால் இந்த வேலை நின்றுபோகும். ரத்தம் தேங்கி நீர் கசிந்து கணுக்கால் வீங்கும். நாம் 'நரம்பு சுருட்டிக்கொண்டது' என்கிறோமே, அங்கே சுருட்டிக்கொள்வது நரம்பு அல்ல, இந்தச் சிரைதான். குழித்தறி நெய்பவருக்கு நாள் முழுக்கக் கால் குழிக்குள் தொங்குகிறது. ஆனாலும் மிதிகட்டையை மிதிக்க மிதிக்கக் கெண்டைச்சதை ஓரளவு வேலை செய்துகொண்டே இருக்கிறது. ஜவுளிக்கடையில் 10 மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கும் பெண்ணுக்கு அந்த உதவியும் கிடையாது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் கொண்டுவந்தார்கள். செய்தி கேட்ட அன்று நான் உண்மையிலேயே மகிழ்ந்தேன். நேயர்களில் கடை வைத்திருப்பவர்கள் இருந்தால் தயவுசெய்து நாற்காலி போடுங்கள். போட்டு, உட்காரவும் விடுங்கள்.

காலை இன்னும் மடியிலேயே வைத்திருக்கிறீர்களா? உள்கணுவுக்குப் பின்னால், குதிகால் நாணுக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் இரண்டு விரலை மெதுவாக வையுங்கள். துடிப்பு தெரியும். சர்க்கரை நோய் உள்ளவர்களின் காலை மருத்துவர் தொட்டுப் பார்ப்பது இதையும் தேடித்தான், பாதத்துக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று.

இனிப் பாதம். ஒரு பாதத்தில் 26 எலும்புகள். இரண்டு பாதத்துக்கும் 52. உடலில் மொத்தமே 206. கால்பங்கு எலும்புகள் செருப்புக்குள் இருக்கின்றன! இரண்டாவது விரலை மட்டும் சொல்கிறேன். கைவிரல்களுக்கு நடுவிரல்தான் அச்சு. காலில் அப்படி அல்ல, இரண்டாவது விரலை அச்சாகக் கொண்டுதான் மற்ற விரல்கள் விரிவதையும் சேர்வதையும் கணக்கிடுகிறோம். அதன் அடி எலும்பு, ஆப்பு வடிவ எலும்புகளுக்கு நடுவே செருகிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. நாம் மெட்டி போடுவதும் அந்த விரலில்தான். ஒருமுறை உடல்தானமாக வந்த ஒரு மூதாட்டியின் பாதத்தை மாணவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். குதிகாலில் ஆழமான வெடிப்பு. இரண்டாவது விரலில் மெட்டி கிடந்த தடம், சுற்றிலும் வெளுத்து, சிறு பள்ளமாக. ஒரு மாணவி விரல் நுனியால் அதைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். அன்று அதற்குமேல் நான் பாடம் நடத்தவில்லை. காலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்படித் தங்களைத் தந்துவிட்டுப் போனவர்கள் கற்பித்தது.

உள்ளங்கால் வளைவு பற்றி ஒரு சொல். கிருஷ்ண ஜெயந்திக்கு மாக்கோலத்தில் கண்ணன் பாதம் வைக்கிறோம். கைமுட்டியை மாவில் தோய்த்து ஒற்றினால் நடுவில் இடுப்பு ஒடுங்கிய பாதம் கிடைக்கும். தவழ்ந்து எழுந்த குழந்தையின் ஈரப்பாதம் அப்படி விழாது, தட்டையாகத்தான் விழும். வளைவு உள்ள இடத்தைக் கொழுப்பு நிரப்பியிருக்கும். நடக்க நடக்கத்தான் வளைவு தெரியவரும். சில பிள்ளைகளுக்கு 6 வயது தாண்டியும் ஆகலாம். வலி இல்லாமல் ஓடியாடும் குழந்தைக்குத் தட்டைப்பாதம் என்று கவலைப்படாதீர்கள்.

முழங்காலுக்கு வருகிறேன். மீண்டும் இறக்கம்தான்.

ஒருமுறை மாணவர்களோடு ஏற்காட்டில் இருந்து அடிவாரம் வரை நடந்தே இறங்கினேன். 20 கொண்டை ஊசி வளைவுகள், 1,000 மீட்டருக்கு மேல் இறக்கம். எங்களுக்கு முன்னால் ஓர் அம்மாள் தலையில் விறகுக்கட்டோடு போய்க்கொண்டிருந்தார். வெறுங்கால். எட்டு சின்னது. முழங்கால் ஒருபோதும் முழுதாக நிமிரவில்லை. செங்குத்தான இடம் வந்தால் நேராக இறங்காமல் சற்றே பக்கவாட்டில் திரும்பி, விரல்களால் மண்ணைப் பற்றி இறங்கினார். தலையில் கட்டு ஆடவே இல்லை. மாணவர்கள் நீட்டி நீட்டி எட்டு வைத்து அவரைத் தாண்டிப் போனார்கள். மறுநாள் அவர்களுக்குத் தொடை வலி. அதற்கும் மறுநாள் விடுதிப் படியில் இறங்கக் கைப்பிடிச் சுவர் தேவைப்பட்டது.

ஏன்? ஏறும்போது தொடையின் முன்சதை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே சதை நீண்டுகொண்டே எடையைத் தாங்கவேண்டும். கிணற்றில் நிறைகுடத்தைக் கயிற்றைச் சிறிது சிறிதாக விட்டு இறக்கிப் பார்த்திருப்பீர்கள். கை எரிவது அப்போதுதான். அப்படி நீண்டுகொண்டே உழைக்கும் சதையில் நுண்ணிய சேதம் உண்டாகிறது. வலி இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போகும். பழகிவிட்டால் அவ்வளவு வலிக்காது. அந்த அம்மாளின் தொடை அன்றாடம் பழகியது.

கிணற்றைச் சொன்னேன், முழங்கால் சில்லுதான் அதன் ராட்டினம். தொடைச் சதையின் நாண் அதன்மேல் ஏறிப் போவதால்தான் குறைந்த பலத்தில் காலை நீட்ட முடிகிறது. பிறக்கும்போது சில்லு வெறும் குருத்தெலும்பு; எலும்பாகத் தொடங்க ஏறக்குறைய 3 வயது ஆகும். படி இறங்கும்போது அந்தச் சில்லின் பின்பக்கம் அழுத்தம் பல மடங்காகிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் 'ஏறிவிடுவேன், இறங்கத்தான் முடியவில்லை' என்று சொல்வது அதனால்தான். அவர்கள் படி இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் கீழே வைக்கவேண்டும். ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்கவேண்டும். வலிக்கிறது என்று நடையை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அழுந்தி விடுபடும்போது மூட்டுநீரை உறிஞ்சித்தான் அது பிழைக்கிறது. அசைவே அதற்குச் சோறு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இடுப்பு மூட்டுக்கு 10 நிமிடம் வைத்திருந்தேன். 2 நிமிடம்தான் இருக்கிறது. பந்துக்கிண்ண மூட்டு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள், அதை விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஒற்றைக்காலில் நின்று இடுப்பின் பக்கவாட்டில் கையை வையுங்கள். ஒரு சதை கெட்டிப்படும். தூக்கிய காலின் பக்கம் இடுப்பு சரியாமல் இழுத்துப் பிடிப்பது அதுதான். அது தளர்ந்தால் இடுப்பு சரியும் என்பதை ஜெர்மன் அறுவை மருத்துவர் ட்ரெண்டலன்பர்க் 1895-இல் விளக்கினார். இடுப்பு மூட்டு தராசின் நடுமுள் என்றால், சதை இழுக்கும் கை குட்டை, உடல் எடை தொங்கும் கை நீளம். அதனால் சதை உடல் எடையைவிட அதிகமாக இழுக்கவேண்டும். அவ்வளவும் மூட்டின்மேல்தான் விழும். வலது இடுப்பு வலிக்கிறது என்று வலது கையில் தடி ஊன்றும் பெரியவர்களைப் பார்க்கிறேன். தடி இடது கையில் இருக்கவேண்டும். அங்கிருந்து ஊன்றினால் தராசின் நீளமான கையைத் தாங்குகிறது. சிறிதளவு ஊன்றினாலே மூட்டின் சுமை நிறையக் குறையும். உங்கள் வீட்டில் அப்பாவோ பாட்டியோ தடி ஊன்றினால் இன்றைக்கே பார்த்து, கையை மாற்றிக் கொடுங்கள்.

நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.